பாரிசுக்குக் கடிதங்கள் புறப்பட்ட வீடு

பாஸ்டனுக்குப் போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஹார்வர்டையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரெட் லைன் ரயிலில் தெற்கே போனால் குவின்சி வரும். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸும், ஆறாவது ஜனாதிபதியான அவருடைய மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் பிறந்த ஊர். நான் போனது ஜனாதிபதிகளுக்காக அல்ல. ஆங்கிலேயருக்கு எதிராக அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலத்தில் ஐரோப்பாவில் தூதராக இருந்த ஜானுக்கு அவர் மனைவி அபிகாயில் எழுதிய கடிதங்களுக்காக. பல காலமாக அவற்றை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அவை எழுதப்பட்ட வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

ஃபிராங்க்ளின் தெருவில் பழைய மர வீடுகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் ஜான் 1735-ல் பிறந்தார். 1764-ல் திருமணமானதும் அபிகாயிலைக் கூட்டி வந்தது இன்னொன்றுக்கு. முன்பக்கம் மாடி வைத்து நிமிர்ந்து நிற்கும். பின்பக்கம் கூரை சரிந்து ஆள் உயரத்துக்கு இறங்கிவிடும். முன்னறை ஜானின் வக்கீல் அலுவலகம். மாசசூசெட்ஸ் மாநில அரசியல் சட்டத்தின் வரைவை 1779-ல் அங்கேதான் எழுதினார் என்று வழிகாட்டிய ரேஞ்சர் (இந்த வீடுகளைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா ஊழியர்) சொன்னார். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எல்லோரும் அந்த அறையிலேயே நின்றுவிட்டார்கள். எனக்குக் கால் சமையலறைப் பக்கம்தான் போனது. தாழ்ந்த கூரை, பெரிய அடுப்பு. நான்கு பிள்ளைகள், பண்ணை, கடன், வரி எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சமாளித்த பெண், பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதிய வீடு இது.

ஜானைத் தூதராக நியமித்த ஆணையை முதலில் பிரித்துப் படித்தவரே அபிகாயில்தான். 1777 டிசம்பரில் அந்த உறை வந்தபோது ஜான் ஒரு வழக்குக்காக போர்ட்ஸ்மத் போயிருந்தார். பிரான்சுக்குப் போகச் சொல்லி, அமெரிக்கர்களின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் அனுப்பிய உத்தரவு. காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் லவலுக்கு அபிகாயில் உடனே கோபமாக ஒரு கடிதம் எழுதினார், என் சந்தோஷம் முழுவதையும் பறித்துக்கொள்ள உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று. ஆனாலும் கணவரைத் தடுக்கவில்லை. 1778 பிப்ரவரியில் ‘பாஸ்டன்’ என்ற போர்க்கப்பலில் ஜான் கிளம்பினார்; பத்து வயது ஜான் குவின்சியும் கூடப் போனான்.

அப்புறம் பல மாதம் ஒரு தகவலும் இல்லை. பாரிசில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. ‘பாஸ்டன்’ கப்பலையே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள் என்று இன்னொன்று. கணவரும் மகனும் உயிரோடிருக்கிறார்களா என்றே தெரியாமல் அந்த வீட்டில் அன்றாட வேலை நடந்திருக்கிறது. ஜூன் 30-ம் தேதி எழுதிய கடிதத்தில், நான்கு மாதப் பிரிவுக்குப் பின் உங்கள் கையெழுத்தை இன்று காலை பார்த்ததும் ஆனந்தக் கண்ணீர் வந்தது என்கிறார். ஜானோ ஏப்ரல் தொடக்கத்திலேயே பிரான்சின் போர்தோ துறைமுகம் போய்ச் சேர்ந்திருந்தார். பிரான்சோடு எந்தக் கூட்டணி உடன்படிக்கைக்காக அவர் கடல் தாண்டினாரோ, அது பிப்ரவரி 6-ம் தேதியே பாரிசில் கையெழுத்தாகியிருந்தது. செய்தி நகர்ந்த வேகம் அப்படி.

இந்தக் கடிதப் போக்குவரத்து எப்படி நடந்தது என்பதே தனிக் கதை. ஒரு கப்பல் தவறினால் இன்னொன்றாவது போய்ச் சேரட்டும் என்று, ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது அன்றைய வழக்கம். எதிரிக் கப்பல் துரத்தினால் தபால் மூட்டையைக் கனம் கட்டிக் கடலில் போட்டுவிடுவார்கள். அப்படியும் பிற வழிகளிலும் தொலைந்த கடிதங்கள் பல. அதனால் ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவரின் பதில் வரவே வராது. வந்தாலும் அதற்குள் கேள்வியே பழசாகியிருக்கும்.

இருவருக்கும் நடந்த பெரிய மனத்தாங்கலும் இதில்தான். ஜானின் கடிதங்கள் சில வரிகளில் முடிந்துவிடும். அபிகாயில் பொறுத்துப் பார்த்தார், பிறகு வெளிப்படையாகவே எழுதினார்: இத்தனை பயத்துக்கும் தவிப்புக்கும் பிறகு இந்தச் சுருக்கமான வரிகள் எனக்குப் போதுமா? ஜான் பதிலுக்குக் கோபப்பட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. 1775-ல் அவர் மனைவிக்கும் நண்பருக்கும் எழுதிய கடிதங்களை ஆங்கிலேயர் வழியில் பிடித்துப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். மனசில் இருப்பதை எழுதினால் ஊரே படித்துச் சிரிக்கும் என்ற அச்சம் அவரை விடவேயில்லை. இதை வெறும் அலட்சியம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அபிகாயிலுக்கும் அதே ஆபத்து இருந்ததே? ‘போர்ஷியா’ என்ற புனைபெயரில் கையெழுத்துப் போட்டு, அவர் மனசை ஒளிக்காமல் எழுதினார். இருவரில் துணிச்சல் யாருக்கு அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவை ஏக்கக் கடிதங்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. போரில் காகிதப் பணம் மதிப்பிழந்துகொண்டே போனது. பணமாக அனுப்ப வேண்டாம், சரக்காக அனுப்புங்கள் என்று கேட்டார் அபிகாயில். கைக்குட்டை, லினன் துணி, ரிப்பன், குண்டூசி. ஸ்பெயினின் பில்பாவோவில் இருந்த கார்டோக்கி நிறுவனம் மூலமும், பிற்பாடு ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் மூலமும் சரக்கு வந்தது. உறவினர்கள், தோழிகள் வழியாக அதை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். எந்தச் சாமான் ஊரில் விலை போகும் என்ற விவரங்களும், மாநில அரசியல் பற்றிய கூர்மையான கருத்துகளும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரும். பள்ளிக்கூடமே போகாதவர். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், சிந்தனையில் தடுமாற்றம் இருக்காது.

ஜான் 1779-ல் சில மாதங்கள் ஊர் திரும்பினார். நவம்பரில் மறுபடி கப்பல் ஏறினார், இந்த முறை ஒன்பது வயது சார்லஸையும் சேர்த்துக்கொண்டு. பையனுக்கு அங்கே ஒத்துக்கொள்ளவில்லை. 1781 ஆகஸ்டில் ஹாலந்திலிருந்து தந்தை இல்லாமல் கிளம்பியவன், 1782 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தான். மூத்த மகன் ஜான் குவின்சியோ பதினான்கு வயதை எட்டும்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்விட்டான். 1782 டிசம்பரில் யாரோ ஒருவர் அபிகாயிலிடம் கேட்டாராம், இவ்வளவு காலம் ஆகும் என்று தெரிந்திருந்தால் கணவரைப் போக விட்டிருப்பீர்களா என்று. ஒரு கணம் யோசித்துவிட்டு அவர் சொன்ன பதிலைக் கணவருக்கே எழுதுகிறார்: அவர் இதையெல்லாம் சாதிப்பார் என்று தெரிந்திருந்தால், இன்னும் மூன்று ஆண்டுகள் கூடினாலும் எதிர்த்திருக்க மாட்டேன், கடவுள் அப்படிச் செய்யாதிருக்கட்டும். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தாலும் அந்தக் கடைசித் துண்டில் நின்றுவிடுகிறேன்.

வீடுகளைப் பார்த்த பின் பென்ஸ் ஹில் குன்றுக்கு நடந்தேன். பாஸ்டனை அடுத்த சார்ல்ஸ்டவுன் நகரம் போரில் எரிவதை 1775 ஜூன் 17 அன்று அபிகாயிலும் ஏழு வயது ஜான் குவின்சியும் பார்த்த இடம். கற்களை அடுக்கி நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் சாதாரணக் குடியிருப்புகள். அங்கிருந்து ‘பீஸ்ஃபீல்ட்’. 1788-ல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியதும் அவர்கள் குடியேறிய பெரிய வீடு. அறைகளை வேகமாகவே கடந்தேன். தோட்டத்தில் இருக்கும் கல் நூலகம்தான் பார்க்க வேண்டியது. புத்தகங்களும் குடும்பக் காகிதங்களும் தீயில் போய்விடக் கூடாது என்று ஜான் குவின்சி உயிலில் எழுதி வைத்ததன்படி, மரவீட்டுக்கு வெளியே கல்லால் கட்டியது.

கடிதங்கள் இப்போது அங்கே இல்லை. 1956-ல் குடும்பத்தார் எல்லாவற்றையும் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கணவன் மனைவிக்கிடையே மட்டும் 1,100-க்கும் மேல். கையெழுத்துப் படங்களோடு இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். போகிறவர்கள் 1778 ஜூன் 30, 1782 டிசம்பர் 23 தேதியிட்ட இரண்டையாவது படித்துவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் வீடுகளை மூடிவிடுவார்கள், எனவே கோடையிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ திட்டமிடுங்கள். ரேஞ்சர் முன்னறையில் அரசியல் சட்டம் பற்றிப் பேசி முடித்ததும், சமையலறையைக் கொஞ்ச நேரம் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள்.