செய்தி வாசிப்பதை விடுங்கள், ஒரு புல்லட்டின் கட்டிப் பாருங்கள்

டிவி செய்தியில் வேலை வேண்டும் என்று என்னிடம் பேச வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் மனதில் இரண்டே வேலைகள்தான் இருக்கின்றன. ஒன்று ஆங்கர், இன்னொன்று ரிப்போர்ட்டர். திரையில் முகம் தெரிகிற வேலைகள் இவைதான் என்பதால் அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு உள்ளூர்ச் சேனல் எந்த நாற்காலிக்கு நல்ல ஆள் கிடைக்காமல் திண்டாடும் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன், புல்லட்டின் புரொடியூசர். நான் இந்த நாற்காலியில்தான் வளர்ந்தேன். இதைவிட நிறைவான வேலை ஒரு செய்தி அறைக்குள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், மீடியா படித்துவிட்டு வருகிறவர்களுக்கே இது சரியாகத் தெரிவதில்லை. ரிப்போர்ட்டர் செய்தி கொண்டுவருகிறார், கேமராமேன் விஷுவல் கொண்டுவருகிறார், எடிட்டர் வெட்டித் தருகிறார், ஆங்கர் வாசிக்கிறார். இவையெல்லாம் எந்த வரிசையில், எத்தனை வினாடிக்கு, எந்த விளம்பரத்துக்கு முன்னால், யாருடைய லைவோடு சேர்ந்து போக வேண்டும் என்று முடிவு செய்து, ஆங்கர் வாசிக்கிற வரிகளில் பெரும்பகுதியைத் தானே எழுதி அல்லது திருத்தி, புல்லட்டின் ஓடும்போது பி.சி.ஆரில் (புல்லட்டினை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில்) உட்கார்ந்து டாக்பேக் என்ற ஒலி இணைப்பில் ஆங்கர் காதில் பேசி, கடைசி வணக்கம் வரைக்கும் பொறுப்பேற்கிறவர்தான் புரொடியூசர். பெரிய இடங்களில் ரன்டவுன் (செய்திகளின் வரிசையும் நேரமும் கொண்ட பட்டியல்) போடுகிறவர் ஒருவர், பி.சி.ஆரில் உட்காரும் பேனல் புரொடியூசர் இன்னொருவர். சின்னச் சேனலில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு அதைவிட நல்லது வேறில்லை.

இந்த வேலையின் உயிர் நேரம்தான். 7 மணிக்குத் தொடங்கி 7.30க்கு முடிகிற புல்லட்டின் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்கள் 7 மணியில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே வருவார்கள். பழகியவர்கள் 7.30இல் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கழித்துக்கொண்டு போவார்கள், பேக் டைமிங் என்று இதற்குப் பெயர். விடைபெற 30 வினாடி வேண்டும், அப்படியானால் 7:29:30க்கு ஆங்கர் முடிவுரையைத் தொடங்கியாக வேண்டும். வானிலைக்கு 2 நிமிடம், அது 7:27:30க்குத் தொடங்க வேண்டும். விளையாட்டுக்கு மூன்றரை நிமிடம், 7:24:00. அதற்கு முன்னால் விளம்பரம் இரண்டரை நிமிடம், 7:21:30. ஆக, இடைவேளைக்கு முந்தைய கடைசிச் செய்தி 7:21:30க்கு முடிந்தே தீர வேண்டும். லைவில் ரிப்போர்ட்டர் பேசிக்கொண்டே போய் அது 7:22:10 ஆகிவிட்டால் 40 வினாடி கடன். அந்தக் கடனை எங்கே அடைப்பது என்று விளம்பரம் ஓடி முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். விளையாட்டில் 40 வினாடி வாய்ஸ் ஓவர் (விஷுவல் ஓட ஆங்கர் வாசிக்கும் செய்தி) ஒன்று இருந்தால் நான் அதைத் தூக்குவேன், வானிலையைத் தொட மாட்டேன், ஏனென்றால் உள்ளூர்ப் புல்லட்டினில் அதற்காகவே கடைசிவரை உட்கார்ந்திருக்கிறவர்கள் ஏராளம். தூக்கியதை டைரக்டர், கிராபிக்ஸ், ஆங்கருக்கு வரிகளை ஓட்டிக் காட்டும் பிராம்ப்டர், ஆங்கர் என்று எல்லாருக்கும் உடனே சொல்லியாக வேண்டும். ஒருவருக்குப் போய்ச் சேரவில்லை என்றாலும் ஆங்கர் ஒன்றைப் படிக்க விஷுவல் வேறொன்று ஓடும்.

நேரக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலச் செய்தி அறைகளில் வினாடிக்கு ஏறக்குறைய 3 சொல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் சொற்கள் நீளமானவை, வேற்றுமை உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், அந்தக் கணக்கு இங்கே செல்லாது. உங்கள் ஆங்கரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆங்கருக்கும் வேகம் வேறு வேறு. ரன்டவுன் மென்பொருளில் அந்த வேகத்தைப் பதிந்து வைக்கலாம், அதைச் செய்யாமல் திரையில் தெரிகிற மொத்த நேரத்தை நம்பி பி.சி.ஆருக்குள் போகாதீர்கள்.

எழுத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று வையுங்கள். டெஸ்க்குக்கு வருகிற முதல் வரி இப்படித்தான் இருக்கும்: "நகராட்சிக்குச் சொந்தமான பிரதான குடிநீர்க் குழாயில் ஏற்பட்ட உடைப்பின் காரணமாகக் குடிநீர் விநியோகம் பாதிக்கப்பட்டுள்ளது." இதில் பொய் ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதனால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது, "நாளைக் காலை நகரின் வடக்குப் பகுதியில் தண்ணீர் வராது, இன்று இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்பது. எந்தெந்தத் தெரு, எத்தனை மணிவரை, லாரியில் தண்ணீர் வருமா, இவ்வளவும் அடுத்த மூன்று வரிகளில் வந்துவிட வேண்டும். நாடு முழுக்கப் போகிற சேனலால் இதைச் செய்யவே முடியாது, உள்ளூர்ச் சேனல் இருப்பதே இதற்காகத்தான். 30 வினாடி வாய்ஸ் ஓவருக்கு விஷுவல் 45 வினாடியாவது வெட்டித் தரச் சொல்லுங்கள், ஆங்கர் கொஞ்சம் நிதானமாகப் படித்தால்கூட திரை உறைந்து நிற்காது.

லைவ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், புரொடியூசரின் பதற்றம் பெரும்பாலும் அங்கேதான். ஓ.பி. வேனிலிருந்து (சம்பவ இடத்துக்குப் போகும் ஒளிபரப்பு வண்டி) செயற்கைக்கோள் வழியாக வந்தால் சிக்னல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வருகிறது, ஒரு வழிக்கே கால் வினாடி ஆகிவிடும். இப்போது அதிகம் பயன்படுகிற பேக்பேக் கருவிகள் பல சிம் கார்டுகளின் இணைப்பைச் சேர்த்துப் படத்தை அனுப்புகின்றன, படம் உடையாமல் இருக்க அவை கொஞ்சம் சேமித்து வைத்து வெளியிடுவதால் ஓரிரு வினாடி தாமதம்கூட ஆகும். ஆங்கர் கேள்வி கேட்டுவிட்டு ரிப்போர்ட்டர் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் பெரும்பாலும் இந்தத் தாமதம்தான், அவர் பேரில் குற்றமில்லை. அப்புறம், ரிப்போர்ட்டர் காதுக்குப் போகிற ஒலியில் அவருடைய சொந்தக் குரல் இருக்கவே கூடாது. மிக்ஸ் மைனஸ் என்று ஆடியோ இன்ஜினியர் இதைத் தனியாகச் செய்து அனுப்புவார். அது சரியாக இல்லாவிட்டால் தன் குரலே தாமதமாகத் திரும்ப வந்து காதில் விழும், எப்பேர்ப்பட்ட ஆளும் தடுமாறிவிடுவார். லைவ் போவதற்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே ரிப்போர்ட்டரைப் பேச வைத்து இதைச் சரிபாருங்கள். இணைப்பு அறுந்தால் என்ன ஓட வேண்டும் என்பதும் ரன்டவுனில் அடுத்த வரியாகவே இருக்கட்டும், அதே செய்தியின் விஷுவலோ ஃபோனோவோ (ரிப்போர்ட்டர் போனில் பேசுவது), ஏதோ ஒன்று.

உள்ளூர்ச் செய்தி என்றால் சின்னச் செய்தி என்று நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது 1949ஆம் ஆண்டு நடந்த ஒன்று. ஏப்ரல் மாதம், கலிபோர்னியாவில் சான் மரினோ என்ற ஊரில் கேத்தி ஃபிஸ்கஸ் என்ற 3 வயதுக் குழந்தை கைவிடப்பட்ட கிணற்றுக் குழாய்க்குள் விழுந்துவிட்டாள். லாஸ் ஏஞ்சலிஸின் உள்ளூர்ச் சேனலான கே.டி.எல்.ஏ. அந்த மீட்புப் பணியை 27 மணி நேரத்துக்கும் மேலாக இடத்திலிருந்தே நேரலையாகக் காட்டியது. அப்போது டிவி பெட்டி வைத்திருந்த வீடுகளே குறைவு. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. தொலைக்காட்சி நேரலை என்றால் என்ன என்பதை உலகத்துக்குக் காட்டிய முதல் சம்பவங்களில் இதுவும் ஒன்று. இன்று எல்லாரும் செய்கிற, ரிப்போர்ட்டரே திரையில் வந்து தன் செய்தியைச் சொல்லும் முறையைப் பிரபலமாக்கிய "ஐவிட்னஸ் நியூஸ்" வடிவமும் ஒரு உள்ளூர் நிலையத்தில் பிறந்ததுதான். 1965இல் பிலடெல்பியாவின் கே.ஒய்.டபிள்யூ. நிலையத்தில் ஆல் ப்ரைமோ அதைக் கொண்டுவந்தார்.

கிணற்றுச் சம்பவம் மாதிரியான ஒன்று நடக்கும்போது புரொடியூசரின் கைக்கு வருகிற முடிவுகள் லேசானவை இல்லை. உறவினர்களுக்குத் தகவல் போவதற்கு முன் பெயரைப் போடலாமா? தாயின் முகத்துக்கு ஜூம் போகலாமா? மீட்புப் படையினர் தலையைக் குனிந்துகொண்டு மேலே வருகிறார்கள் என்றால் கேமரா எங்கே இருக்க வேண்டும்? என் பதில் எப்போதும் ஒன்றுதான், வைட் ஷாட்டுக்கு வந்துவிடுங்கள், பெயரை நிறுத்தி வையுங்கள். போட்டிச் சேனல் போட்டுவிட்டது என்பது காரணமே ஆகாது. நாம் ஒளிபரப்புவதை அந்தக் குடும்பமும் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளூர்ச் சேனலில் செய்தியில் வருகிறவர்களை நாளைக்கு நேரில் பார்க்க வேண்டியிருக்கும், அந்த நினைப்பு புரொடியூசருக்கு இருந்தாக வேண்டும்.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. ரன்டவுன் மென்பொருளில் இரண்டு பெயர் அடிக்கடி கேட்பீர்கள். ஒன்று இ.என்.பி.எஸ்., 1990களில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பிபிசிக்காக உருவாக்கியது. இன்னொன்று அவிட் நிறுவனத்தின் ஐ-நியூஸ். ஒன்றைக் கற்றால் இன்னொன்று ஒரு வாரத்தில் கைவந்துவிடும். எம்.ஓ.எஸ். என்கிற நெறிமுறை வழியாக ரன்டவுனில் நீங்கள் வரிசையை மாற்றினால் கிராபிக்ஸும் வீடியோ சர்வரும் தாமாகவே மாறிக்கொள்ளும். இதற்கு மேல் ஆட்டோமேஷன் வந்திருக்கிறது. முன்பு பி.சி.ஆரில் படங்களை மாற்றும் ஸ்விட்சர், ஆடியோ, கிராபிக்ஸ், சர்வர் என்று தனித்தனி ஆட்கள் செய்ததை ராஸ் ஓவர்டிரைவ், விஸ் மோஸார்ட் போன்ற அமைப்புகள் உள்ள இடங்களில் ஓரிருவரே ஓட்டிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு செய்திக்கும் எந்தக் கேமரா, எந்த மைக், எந்த கிராபிக்ஸ் பிளேட் என்ற குறியீட்டை ரன்டவுனிலேயே போட வேண்டும், அதில் பாதி புரொடியூசர் தலையில்தான் விழுகிறது. பட்டன் தட்டுகிற வேலைகள் குறைந்துகொண்டே வருகின்றன, எது முதலில் போக வேண்டும் என்று முடிவெடுக்கிற வேலை அப்படியே இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே நுழைவது எப்படி? பெரும்பாலும் இன்புட் டெஸ்க்கில் (செய்திகள் வந்து சேரும் பிரிவில்) நைட் ஷிஃப்ட்தான் முதல் வேலையாகக் கிடைக்கும். காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை என்று வரிசையாக போன் போட்டு "ஏதாவது உண்டா?" என்று கேட்பது, வருகிற விஷுவல்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுவது, திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் அடிப்பது. மனம் தளர வேண்டாம். போனில் யார் உண்மையைச் சொல்வார், யார் மழுப்புவார் என்று அங்கே தெரிந்துகொள்வது பிற்பாடு பி.சி.ஆரில் உட்காரும்போது உதவும். அடுத்தது விடியற்காலை புல்லட்டின், வார இறுதி புல்லட்டின். மற்றவர்கள் தவிர்க்கிற நேரங்கள் இவை, ஆனால் ஒரு புல்லட்டினை முழுசாக உங்கள் பொறுப்பில் விடுவார்கள். ஊரே விடுமுறையில் இருக்கும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள், மழை வெள்ளம் என்றால் வீட்டுக்கே போக முடியாது, வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்னாலேயே பேசிவிடுங்கள். தொடக்கச் சம்பளமும் குறைவுதான்.

நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் தாங்கள் மைக் பிடித்துப் பேசிய வீடியோவைக் கொண்டுவருகிறார்கள். புரொடியூசர் வேலைக்கு அது தேவையே இல்லை. அந்தச் சேனலின் ஒரு புல்லட்டினைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதன் ரன்டவுனை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்: செய்தி எண், வடிவம் (ஆங்கர் மட்டுமா, வாய்ஸ் ஓவரா, யாராவது பேசிய பைட் உண்டா, ரிப்போர்ட்டர் குரலோடு தொகுத்த பேக்கேஜா, லைவா), ஓடிய நேரம், மொத்த நேரம். பக்கத்திலேயே நீங்களாக இருந்தால் வரிசையை எப்படி மாற்றியிருப்பீர்கள், ஏன் என்றும் எழுதுங்கள். இப்படி ஒரு தாளோடு ஒருவர் வந்தால் நான் மற்ற சான்றிதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவேன்.

பெரிய சேனலுக்கு எப்போது போகலாம் என்றும் கேட்பார்கள். ஒரு தேர்தல் முடிவு இரவையும் ஒரு பெரிய வெள்ளத்தையோ தீ விபத்தையோ நீங்களே முன்நின்று நடத்தும்வரை போகாதீர்கள் என்பது என் கருத்து. பெரிய இடத்தில் அந்த மாதிரி நாளில் புதியவரை பி.சி.ஆருக்குள்ளேயே விட மாட்டார்கள், உள்ளூர்ச் சேனலில் வேறு ஆள் இல்லை என்பதாலேயே அந்த நாற்காலி உங்களுக்கு வரும். அதற்கு அப்புறமும் அங்கேயே இருந்து எக்சிகியூட்டிவ் புரொடியூசர், செய்தி ஆசிரியர் என்று வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஊரில் எந்தப் பாலம் எந்த மழைக்கு மூழ்கும் என்று அவர்களுக்குத் தெரியும், மழை தொடங்கும் முன்பே அங்கே கேமரா நிற்கும்.