அந்த எண் எங்கே பிறந்தது?

தலைமைத்துவத்துக்கும் பணியாளர் செயல்திறனுக்கும் உள்ள உறவை ஆராய்வது என்று முடிவானதும், அநேகமாக முதலில் எழும் கேள்வி "வினாத்தாளா, நேர்காணலா?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது இன்னொன்று: செயல்திறன் என்று எடுத்துக்கொள்ளப்போகும் எண்ணை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், அது குறைந்தால் யாருக்கு என்ன நடக்கும்? இதற்கு விடை தெரியாமல் எந்த முறையைக் கையில் எடுத்தாலும் ஆய்வு பாதி வழியில் தடுமாறும்.

சிகாகோவை ஒட்டி, தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளைப் பேசும்போது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து உற்பத்தியைப் பார்த்த விளக்கு வெளிச்சச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது 1931 நவம்பரில் அங்கே தொடங்கிய கம்பி இணைப்பு அறை ஆய்வு. 14 ஆண் தொழிலாளர்கள் ஒரு தனி அறையில் வேலை செய்தார்கள். ஓர் ஆய்வாளர் அதே அறையில் உட்கார்ந்து பல மாதங்கள் கவனித்தார். அதிகம் உற்பத்தி செய்தால் அதிகம் கூலி என்பது நிர்வாகத்தின் கணக்கு. தொழிலாளர்களிடமோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நியாயம் என்று பேசாமல் பேசிவைத்த அளவு ஒன்று இருந்தது. அதைத் தாண்டியவருக்குக் கேலியும் தோளில் குத்தும் கிடைத்தன. நன்றாக ஓடிய நாளில் சிலதைக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொண்டு, மந்தமான நாளில் சேர்த்து எழுதினார்கள். பதிவேட்டில் உற்பத்தி நேர்கோடாக இருந்தது. ஆய்வாளர் எண்ணிப் பார்த்தபோது ஏற்ற இறக்கமாக இருந்தது.

பதிவேட்டை மட்டும் வாங்கிப்போய்க் கணினியில் இட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மேற்பார்வையாளரின் நடத்தைக்கும் உற்பத்திக்கும் தொடர்பே இல்லை என்று கிடைத்திருக்கும். உண்மையில் அந்த நேர்கோடே குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான உறவின் விளைவு. உட்கார்ந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது. ஆனால் எண்ணிப் பார்க்காமல் வெறுமனே பேச்சுக் கொடுத்திருந்தாலும் அந்த இடைவெளி புலப்பட்டிருக்காது. இரண்டும் ஒரே அறையில் இருந்ததுதான் அந்த ஆய்வின் பலம்.

எனவே முதல் இரண்டு வாரத்தை எண்ணின் பிறப்பிடத்தைத் தேடுவதற்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செயல்திறன் தரவு பொதுவாக மூன்று வகையில் கிடைக்கும். ஒன்று, மேற்பார்வையாளர் தரும் மதிப்பீடு. இதில் 5-க்கு 4 என்பதே பெரும்பான்மையாக இருக்கும். 2 போட்டால் விளக்கம் எழுத வேண்டிவரும் என்பதால் யாரும் போடுவதில்லை. எல்லாரும் 4-இல் நெருக்கியடித்து நின்றால் உண்மையான தொடர்பு இருந்தாலும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சிறுத்துத்தான் வரும். ஒரு குணம் பிடித்துப்போனால் மற்றவற்றுக்கும் சேர்த்து உயர்வாகப் போடும் பழக்கத்தை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். இரண்டாவது வகை, விற்பனை, பழுது, வருகை போன்ற பதிவுகள். இவை நேர்மையாகத் தெரியும்; ஆனால் நல்ல பகுதி ஒதுக்கப்பட்ட விற்பனையாளருக்கும் வறண்ட பகுதி கிடைத்தவருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தலைவரின் திறமை என்று எழுதிவிடும் ஆபத்து இதில் உண்டு. மூன்றாவது, பணியாளரே தன்னைப் பற்றிச் சொல்வது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதற்குப் போகலாம்.

வினாத்தாள் பக்கம் வருவோம். தலைமைத்துவ நடத்தையை அளக்க ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து வந்த அளவுகோல் 'அக்கறை', 'வேலையை ஒழுங்கமைத்தல்' என்ற இரண்டைப் பிரிக்கிறது. பாஸும் அவோலியோவும் உருவாக்கிய பன்முகத் தலைமைத்துவ வினாத்தாளில் 45 கூற்றுகள் இருக்கின்றன. இவற்றை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு 6 அல்லது 8 பணியாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, "இதைப் படித்ததும் என்ன நினைவுக்கு வந்தது?" என்று கேட்க வேண்டும். 'என் தலைவர் என்னைத் தனி மனிதராக நடத்துகிறார்' என்ற கூற்றைச் சிலர் 'என்னை ஒதுக்கிவைக்கிறார்' என்று புரிந்துகொள்ளக்கூடும். அப்படிப் புரிந்துகொண்டு 5 போட்டால், அந்த 5 எதை அளக்கிறது? இந்தப் படி முடிந்த பிறகே 30 பேரிடம் முன்னோட்டம் பார்ப்பது பொருளுள்ளதாகும்.

முன்னோட்டத்தில் குரோன்பாக் ஆல்பா, அதாவது ஓர் அளவுகோலின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 0.70-க்கு மேல் வந்தால் போதும் என்று ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. 0.95 வந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன் கூற்றுகளை மறுபடி வாசிக்க வேண்டும். ஒரே விஷயத்தை வார்த்தை மாற்றிப் பலமுறை கேட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தத் துறையில் மலிந்து கிடக்கும் பெரிய பிழை வேறொன்று. ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே தாளில் "உங்கள் தலைவர் எப்படி?" என்றும் "உங்கள் செயல்திறன் எப்படி?" என்றும் கேட்பது. அன்று மனம் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் உயர்ந்த மதிப்பெண் விழும். கசந்திருந்தால் இரண்டும் இறங்கும். வெளியே வரும் ஒட்டுறவில் எவ்வளவு தலைமைத்துவம், எவ்வளவு அன்றைய மனநிலை என்று பிரிக்கவே முடியாது. தலைவரைப் பற்றிப் பணியாளரிடமும், செயல்திறனைப் பதிவேட்டிலிருந்தோ வேறொருவரிடமிருந்தோ வாங்குவதே சரியான வழி. இரண்டையும் ஒருவரிடமே கேட்டாக வேண்டுமென்றால் நடுவில் மூன்று நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். அதற்கு விலை உண்டு: இரண்டாம் சுற்றில் பலர் விடுபட்டுப்போவார்கள். இரு சுற்றையும் இணைக்கப் பெயர் கேட்டால் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். பணியாளரே உருவாக்கிக்கொள்ளும் குறியீட்டுச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அதையும் சிலர் மறந்துவிடுவார்கள் என்பதால் தொடக்கத்திலேயே கூடுதலான பேரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 5 விழுக்காடு முக்கியத்துவ நிலையில் (இல்லாத தொடர்பை இருப்பதாகத் தவறிச் சொல்லும் வாய்ப்பு 5 விழுக்காடு), இருக்கும் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 விழுக்காடு வேண்டுமென்றால், 0.30 அளவு ஒட்டுறவுக்கு ஏறக்குறைய 85 பேர், 0.20-க்கு 195 பேர், 0.10-க்கு 780-க்கு மேல். ஆனால் இது ஒவ்வொருவரும் தனித்தனி என்று வைத்துப் போட்ட கணக்கு. பணியாளர்கள் தனித்தனி அல்லர். ஒரே தலைவரின் கீழ் இருப்பவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 20 தலைவர்கள், ஒவ்வொருவரின் கீழும் 10 பேர் என்று 200 பேர் இருக்கிறார்கள் என்போம். குழுவுக்குள் உள்ள ஒப்புமை 0.10 என்றால், அந்த 200 பேர் சுமார் 105 பேருக்குச் சமம். 0.10 என்பது பெரிய ஒப்புமைகூட இல்லை. ஆய்வின் அலகு தலைவர் என்றால் உண்மையான எண்ணிக்கை 20-தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பணியாளர், குழு என்ற இரு அடுக்கையும் பிரித்துக் கணக்கிடும் பல அடுக்குப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். பேர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் குழுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பலன் தரும்.

செயல்திறன் என்ற சொல்லுக்குள் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2004-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அக்கறைக்கும் விளைவுகளுக்கும் ஒட்டுறவு 0.48, வேலையை ஒழுங்கமைத்தலுக்கு 0.29 என்று காட்டியது. அக்கறைதான் வென்றது என்று தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால், அக்கறை முன்னால் நிற்பது பணியாளர் திருப்தி, ஊக்கம் போன்றவற்றில். குழுவின் செயல்திறன் என்று வரும்போது ஒழுங்கமைத்தல் சற்றே முந்துகிறது. இரண்டையும் 'விளைவு' என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டு அறிக்கை எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் சிக்கல்தான். குழு நன்றாகச் செய்தது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதன் தலைவரை மக்கள் உயர்வாக மதிப்பிடுகிறார்கள் என்பது சோதனைகளில் நிரூபணமான ஒன்று. ஆகவே இலக்கை எட்டிய மாதத்தின் முடிவுகள் அறிவிக்கப்பட்ட மறுநாள் வினாத்தாள் கொடுப்பது வீண்வேலை.

நேர்காணல் எளிதான வழி என்று நினைப்பவர்கள் அதன் உழைப்பைக் கணக்கிடுவதில்லை. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். 20 நேர்காணல் என்றால் எழுத்தாக்கத்துக்கு மட்டும் சுமார் 100 மணி நேரம். மென்பொருள் எழுதித் தந்தாலும், பெயர்களும் துறைச் சொற்களும் பிசகியிருக்கும். கேட்டுக்கேட்டுத் திருத்தியாக வேண்டும். அந்தத் திருத்தும் வேலையை உதவியாளரிடம் தள்ளிவிடக் கூடாது. எந்த இடத்தில் பேசுபவர் தயங்கினார், எங்கே குரலைத் தாழ்த்தினார் என்பது கேட்பவருக்கு மட்டுமே தெரியும்.

யாரிடம் பேசுவது என்ற தேர்வில்தான் முதல் சறுக்கல் நேர்கிறது. "உங்களுக்கு நல்ல ஆட்களாகப் பார்த்து அனுப்புகிறேன்" என்று மேலாளர் சொன்னால், வருபவர்கள் அவருக்கு நல்லவர்களாகவே இருப்பார்கள். பணியாளர் பட்டியலை வாங்கி, பணிக்காலம், பணி முறை, பிரிவு என்று பிரித்து நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை பேர் என்றால், ஒரே தன்மையுள்ள குழுவில் 12 நேர்காணலுக்குள் புதிய கருத்துகள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த 12-ஐ மந்திர எண்ணாக்கிவிட்டார்கள். 'ஒரே தன்மையுள்ள' என்ற சொல்தான் அதில் முக்கியம். இரவுப் பணியாளர்களும் பகல் பணியாளர்களும் வேறு வேறு குழுக்கள். 12-ஐ இரண்டாகப் பங்கிட முடியாது.

"உங்கள் தலைவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்லவர்" என்ற விடைதான் வரும். 1954-இல் உளவியலாளர் ஃப்ளானகன் முன்வைத்த முக்கிய நிகழ்வு முறை இங்கே கைகொடுக்கும். "கடந்த மூன்று மாதத்தில் வேலை சிக்கிக்கொண்ட ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்று தொடங்கி, அதற்கு முன் என்ன நடந்தது, யார் என்ன செய்தார், தலைவர் அப்போது எங்கே இருந்தார், கடைசியில் என்ன ஆனது என்று படிப்படியாகப் போக வேண்டும். தலைவர் அந்த நாளின் கதைக்குள் வந்துவிடுவார். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் சங்கடம் பேசுபவருக்கு இராது. ஹாதார்னிலும் இதை ஒத்த அனுபவமே ஏற்பட்டது. 1928 முதல் 1930 வரை சுமார் 21,000 பணியாளர்களிடம் பேசினார்கள். கேள்விப் பட்டியலோடு தொடங்கியவர்கள், ஆட்கள் பட்டியலை விட்டு விலகி வேறெதையோ பேச விரும்புவதைக் கண்டு பட்டியலைக் கைவிட்டார்கள். அரைமணி நேரமாக இருந்த நேர்காணல் ஒன்றரை மணி நேரமானது.

எழுத்தாக்கிய உரையைக் குறியிடும்போது, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று சிறு பெயரிடும்போது, முதல் சுற்றில் 60, 80 குறிகள் வருவது இயல்பு. அவற்றை 15 ஆகத் தொகுத்து, 4 அல்லது 5 கருப்பொருளுக்கு வருவது இரண்டு மூன்று வார வேலை. ஐந்தில் ஒரு பங்கு உரைகளையாவது இன்னொருவர் தனியாகக் குறியிட்டுப் பார்க்க வேண்டும். இருவருக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதே அங்கே பயனுள்ள தகவல், எத்தனை விழுக்காடு ஒத்துப்போனது என்பது அடுத்தபடியானது. வந்த கருப்பொருள்கள் நம் கேள்விகளின் தலைப்புகளாகவே இருந்தால் பகுப்பாய்வு நடக்கவில்லை என்று பொருள். 15 பேரிடம் பேசிவிட்டு "60 விழுக்காட்டினர் கூறினர்" என்று எழுதுவதும் வேண்டாம்; அந்த விழுக்காடு அந்த 15 பேரைத் தாண்டி எதையும் சொல்லாது. கருத்துக்கு ஒத்துவராத ஆளைத் தேடிப்பிடித்து எழுதுவதுதான் நேர்காணல் போன்ற பண்புசார் ஆய்வின் நேர்மை.

வினாத்தாளையும் நேர்காணலையும் சேர்க்கும்போது வரிசையில் கவனம் வேண்டும். நேர்காணலை முதலில் வைத்தால் வினாத்தாளுக்குக் கூற்றுகள் கிடைக்கும். ஆனால் எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது, எண்களை வைத்துச் செய்யும் அளவுசார் பகுப்பாய்வு முடிந்த பிறகு நடத்தும் நேர்காணல். தலைவரின் மதிப்பெண்ணிலிருந்து செயல்திறனைக் கணிக்கும் சமன்பாட்டின்படி ஒவ்வொரு குழுவின் செயல்திறனும் எவ்வளவு இருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். தலைவருக்கு உயர்ந்த மதிப்பெண் இருந்தும் கணிப்பைவிட மிகவும் கீழே கிடக்கும் இரண்டு குழு, மதிப்பெண் குறைந்தும் கணிப்பை மீறி நிற்கும் இரண்டு குழு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து அங்கே போய் உட்கார வேண்டும். எண்ணுக்குள் அடங்காத காரணம் அங்கேதான் இருக்கும்: பழுதான இயந்திரம், பெயரில்லாமல் குழுவை நடத்தும் ஒரு மூத்த பணியாளர், அல்லது ஹாதார்னில் போலப் பேசிவைத்த அளவு.

எண் ஒன்று சொல்ல, ஆட்கள் வேறொன்று சொன்னால் நடுவழியாக ஒரு வாக்கியம் எழுதிச் சமாளிக்கத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் அளந்தனவா என்று மறுபடி தொடக்கத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் வினாத்தாள் தலைவரின் பழகும் குணத்தை அளந்திருக்கும். ஆட்கள் அவருடைய முடிவெடுக்கும் வேகத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

அறிக்கையை ஒப்படைக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. 5 பேருக்குக் குறைவான குழுவின் சராசரியைத் தனியாக அச்சிடக் கூடாது. மேற்கோள்களில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. 'இரவுப் பணியில் இருக்கும் ஒரே பெண் பொறியாளர்' என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். ஒவ்வொரு மேற்கோளையும் அந்தத் தலைவரின் இடத்தில் நின்று வாசித்து, "இதை யார் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரிகிறதா?" என்று சோதிக்க வேண்டும். தெரிந்தால், எவ்வளவு கூர்மையான வாசகமானாலும் அதை எடுத்துவிட வேண்டும்.