மொழியைச் சுமக்கும் இழைகள்

ஜூன் 2
பேச்சையும் மூளையையும் பற்றி எதை எடுத்தாலும் 1861-இல் பாரிஸில்தான் தொடங்குகிறது. லெபோர்ன் என்ற நோயாளியின் வாயிலிருந்து "டான்" என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் அநேகமாக வராது. அவர் இறந்த பிறகு மருத்துவர் பால் ப்ரோக்கா மூளையை ஆராய்ந்து, இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி (இன்று ப்ரோக்கா பகுதி) சிதைந்திருப்பதைக் கண்டார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே வேறுவகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். பேச்சு தங்குதடையின்றி வரும், ஆனால் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் புரியாது. பாதிப்பு இடது பொட்டு மடலின் (காதை ஒட்டிய மூளைப்பகுதி) பின்புறத்தில்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. வெர்னிக்கே நிற்கவில்லை. இரண்டு பகுதிகளும் நன்றாக இருந்து, நடுவிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். மொத்த வரலாற்றிலும் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அந்தக் கேள்விதான்.

ஜூன் 5
அப்படிப்பட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். நாம் சொல்வது அவர்களுக்குப் பெருமளவு புரியும், தாங்களாகவும் பேசுவார்கள். ஆனால் ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்கள். "பட்டாம்பூச்சி" என்றால் "பட்டாபூ... பம்டா... பட்டாம்பூசி" என்று, தவறு தெரிந்தே, திரும்பத் திரும்ப முயன்று சரியான சொல்லை நெருங்கிக்கொண்டே இருப்பார்கள். இதைப் படிக்கும்போது மனசு கனத்துப்போகிறது. சொல் உள்ளே இருக்கிறது, வந்து சேரும் வழிதான் பழுது.

1965-இல் நரம்பியலாளர் நார்மன் கெஷ்விண்ட், இணைப்பு அறுவதே இதற்குக் காரணம் என்ற பழைய கருத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அவர் சுட்டிய நரம்பிழைத் தொகுதி, அந்த இரண்டு பகுதிகளையும் இணைத்து வில்போல் வளைந்து போகும் ஆர்க்குவேட் கற்றை.

ஜூன் 6
நரம்பியல் மருத்துவர் தெஜெரின், 1892. அவருடைய நோயாளியால் எழுத முடிந்தது, தான் எழுதியதையே வாசிக்க முடியவில்லை. இதுவும் இணைப்பு அறுந்த கதையே.

ஜூன் 11
உயிருள்ள மூளையில் இந்தக் கற்றைகளை எப்படிப் பார்க்கிறார்கள்? மூளைத் திசுவில் உள்ள நீர், இழைகளுக்குக் குறுக்கே நகர்வதைவிட அவற்றின் நீளவாக்கில் எளிதாக நகரும். அந்த நகர்வை எம்.ஆர்.ஐ. அளக்கிறது, அதிலிருந்து கற்றையின் போக்கைக் கணினி கணிக்கிறது. 2005-இல் கட்டானியும் குழுவினரும் இப்படித்தான் ஆர்க்குவேட் கற்றையில் மூன்று பிரிவுகளைக் காட்டினார்கள். ஒன்று நேராகப் போகிறது. மற்ற இரண்டும் சுவர் மடலின் (உச்சியை ஒட்டிய பின்பகுதி) கீழ்ப்பகுதி வழியாக, ஒரு நிறுத்தம் போட்டுப் போகின்றன.

படம் அழகுதான், ஆனால் கவனம் வேண்டும். இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் கணிப்பு எளிதில் பிசகும். செய்தி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் இந்த முறை சொல்லாது.

ஜூன் 12
ஆர்க்குவேட் கற்றை மேலே ஒரு பாதை என்றால் கீழேயும் ஒன்று. ஹிக்கோக், பொப்பெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த கருத்து இது: மேல்பாதை ஓசையை உச்சரிப்போடு சேர்க்கிறது, கீழ்ப்பாதை ஓசையைப் பொருளோடு சேர்க்கிறது.

இதற்கு வலுவான சான்று அறுவை அரங்கிலிருந்து வருகிறது. நோயாளி விழித்திருக்க, படங்களுக்குப் பெயர் சொல்லச் சொல்லி, இழைகளில் மெல்லிய மின்சாரம் கொடுக்கிறார்கள். மேல்கற்றையைத் தொட்டால் ஓசை குழம்புகிறது. பூனை "பூணை"யோ "நூப்பை"யோ ஆகலாம். கீழ்க்கற்றையைத் தொட்டால் "நாய்" என்பதுபோல் வேறு சொல்லே வந்துவிடும். எதை வெட்டக் கூடாது என்று மருத்துவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது.

ஜூன் 15
லெபோர்னின் மூளை இன்னும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2007-இல் ட்ரான்கெர்ஸும் குழுவினரும் அதன் எம்.ஆர்.ஐ. முடிவுகளை வெளியிட்டார்கள். சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை. ஆழத்தில் இருந்த நீண்ட இழைகளும் சிதைந்திருந்தன. ப்ரோக்கா அந்த மூளையை வெட்டிப் பார்க்காமல் முழுசாக விட்டுவைத்தார். அதனால்தான் இவர்களால் இதைக் காண முடிந்தது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் 18
திருப்பிச் சொல்ல முடியாமை கற்றை அறுவதால் மட்டும் வருவதில்லை. பொட்டு மடலும் சுவர் மடலும் சேரும் இடத்துப் புறணி (மூளையின் மேலடுக்கு) சேதமானாலும் வருகிறது. ஆக, கெஷ்விண்ட் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது.

இன்று படித்ததில் மனதில் நின்றது 2011-இல் வந்த ஓர் ஆய்வு. பிறந்த குழந்தையிடம் கீழ்ப்பாதை இருக்கிறது. மேல்பாதையில், உச்சரிப்பு அசைவுகளைத் திட்டமிடும் பகுதிக்குப் போகும் கிளையும் இருக்கிறது. ப்ரோக்கா பகுதிக்குப் போகும் கிளை மட்டும் இன்னும் தென்படவில்லை. அது பிறகுதான் முதிர்கிறது. சிக்கலான வாக்கியங்களைக் குழந்தைகள் தாமதமாகப் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.