சுவர் நின்ற வழியே பதினான்கு ஞாயிறுகள்

பெர்லினுக்குப் படிக்க வந்து ஆறு வாரம் ஆகியும் ஊர் எனக்குப் பிடிபடவில்லை. பிராண்டன்பர்க் வாசலைப் பார்த்தாகிவிட்டது. நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்தில் ஏறியாகிவிட்டது. அம்மாவுக்குப் படங்களும் அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் ஓரிடத்தில் சுரங்க ரயிலுக்குள் இறங்கி இன்னோரிடத்தில் மேலே வருவேன். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மதுரையில் பிறந்தவளுக்கு இது பெரிய குறை. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளிவீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றியே எங்கள் ஊர் விரியும். எங்கே நின்றாலும் கோபுரம் எந்தப் பக்கம் என்று கால் சொல்லிவிடும். பெர்லினில் என் கால் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, போட்ஸ்டாமர் பிளாட்ஸில் பச்சை விளக்குக்காகக் காத்து நின்றபோது குனிந்து பார்த்தேன். தார்ச்சாலையின் குறுக்கே இரண்டு வரிசைக் கருங்கற்கள் பதித்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஓர் இரும்புப் பட்டை: பெர்லின் சுவர், 1961–1989. விளக்கு பச்சையானதும் சாலையைக் கடக்காமல் அந்தக் கல்வரிசையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கட்டடத்தை ஒட்டிப் போனது, நடைபாதையில் ஏறியது, மறுபடி சாலைக்கு இறங்கியது. ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். இந்த ஊரில் முதல்முறையாக இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவில் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அன்றிரவு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சுவர் என்றால் ஊரை நட்டநடுவில் கீறிய கோடு என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு வளையம். தன் மக்கள் மேற்கே ஓடிவிடாமல் இருக்க 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எழுப்பத் தொடங்கிய தடுப்பு, அந்த நாட்டுக்குள் தீவுபோலக் கிடந்த மேற்கு பெர்லினை முழுவதுமாகச் சுற்றி வளைத்தது. ஏறத்தாழ 155 கிலோமீட்டர். அதில் இரு பெர்லின்களுக்கும் இடையே நின்றது 43 கிலோமீட்டர்தான். மிச்சமெல்லாம் காடு, வயல், ஏரி. எல்லைக் காவலர்கள் ரோந்து போன பாதைகளையே பிடித்து இன்று 160 கிலோமீட்டர் நீள நடைபாதை இருக்கிறது. மௌவர்வேக், அதாவது சுவர்ப்பாதை. பசுமைக் கட்சி அரசியல்வாதி மிஹாயேல் கிராமர் விடாமல் வலியுறுத்தியதால் 2002 முதல் 2006 வரை அதைச் சீரமைத்தார்கள். பதினான்கு துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். சிறியது 7 கிலோமீட்டர், பெரியது 21.

அம்மாவிடம் சொன்னேன். "கிரிவலம் மாதிரி சுத்தி வரணுமா?" என்றாள். திருவண்ணாமலையை ஒருமுறை சுற்றினால் 14 கிலோமீட்டர். ஆமாம்மா, பதினோரு தடவைக்கு மேல் என்றேன். "சரி, செருப்பு போட்டுக்கிட்டுப் போ" என்றாள்.

நடக்க நினைப்பவர்களுக்கு உதவும் விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது. மாணவர் பருவச்சீட்டு போதும், தனியாக ஒரு யூரோ செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்துவிடும். பெரிய ரயில் நிலையக் கடைகளையும் சில பேக்கரிகளையும் விட்டால் வழியில் எதுவும் கிடைக்காது. சனி இரவே புளிசாதம் கிளறி வைத்துவிடுவேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலை ஒன்பதுக்குள் முதல் அடி வைக்க வேண்டும். குளிரில் செல்பேசியின் மின்கலம் முப்பது விழுக்காட்டிலேயே படுத்துவிடும் என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். ஸ்டாகன் பக்கம் வரைபடம் இல்லாமல் நின்றேன். திருப்பத்துக்குத் திருப்பம் இருந்த வழிகாட்டிப் பலகைகள்தான் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

முதல் துண்டில் ஈஸ்ட் சைட் கேலரி வருகிறது. 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓவியம் தீட்டிய சுவர். எல்லோரும் போகும் இடம், கூட்டம் அதிகம். அதைப்பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது துண்டு என்னை உட்காரவைத்துவிட்டது. பிரிட்ஸ் கால்வாய்க் கரையில் ஆளரவம் இல்லை. செம்மஞ்சள் நிறத்தில் ஒல்லியான ஒரு தூண், 3.60 மீட்டர் உயரம். சுவரின் உயரமும் அதேதான். சுவரில் உயிர்விட்டவர்களின் இடங்களை இப்படித் தூண் நட்டுக் குறித்திருக்கிறார்கள். கொல்லப்பட்டோரும் இறந்தோரும் குறைந்தது 140 பேர். இந்தத் தூண் கிறிஸ் குஃப்ராய்க்கு. உணவகத்தில் பரிமாறும் வேலை செய்த பையன். சுடச் சொல்லும் ஆணையை நீக்கிவிட்டார்கள் என்று நம்பி, 1989 பிப்ரவரியில் ஓர் இரவு நண்பனுடன் இந்தக் கால்வாயைத் தாண்ட முயன்றான். சுட்டுக் கொன்றார்கள். இருபது வயது. சுவரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கடைசி ஆள் அவன்தான். ஒன்பது மாதம் கழித்துச் சுவர் திறந்தது. அந்தத் தூணின் முன் நின்ற எனக்கு வயது இருபத்து மூன்று. என் தம்பிக்கு இருபது. தூணுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன், சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை.

பிரிட்ஸில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். நடையைப் பாதியில் நிறுத்திவிட்டு அங்கே போனேன். சேறு படிந்த காலணியைக் கழற்றி, கால் கழுவி, முருகன் முன்னால் நின்றபோதுதான் அழுகை வந்தது. தீபாராதனை முடிந்து திரும்பினால் அறுபது தாண்டிய ஐயா ஒருவர் திருநீற்றை நீட்டியபடி கேட்டார்: "எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை? உடுப்பெல்லாம் சேறு."

சுவர் இருந்த வழியே நடக்கிறேன் ஐயா என்றேன்.

"சுவரோ? நான் அதுக்குள்ளாலதான் வந்தனான்."

பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் வைத்த கடலையைக் கொறித்தபடி சொன்னார். "எண்பத்திநாலாம் ஆண்டு. கலவரம் முடிஞ்சு அடுத்த வருசம். கொழும்பில ஏரோஃப்ளோட் பிளேன். மொஸ்கோவில ஒரு இரவு. பிறகு ஷோனஃபெல்ட் எயர்போட். கிழக்கு ஜெர்மன்காரன் ட்ரான்சிட் விசா குத்தித் தந்தான். ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸ ஸ்டேசனில பாஸ்போட்டைக் காட்டினம், ஒரு கதவு திறந்தது, மற்றப் பக்கத்து மேடையில ரயில் ஏறினம். மேற்கில ஒருத்தரும் எங்களை மறிக்கேல்லை."

நம்ப முடியாமல் வீட்டுக்கு வந்து படித்தேன். அப்படியேதான் நடந்திருக்கிறது. பெர்லின் ஒரே நகரம், சுவர் ஒரு நாட்டு எல்லையே அல்ல என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. எல்லை என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் அவர்களால் கடவுச்சீட்டுச் சோதனை வைக்க முடியவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்த தமிழர்கள் பல பேருக்கு இந்த வழி கிடைத்தது. பிறகு மேற்கு ஜெர்மனி கேட்டுக்கொண்டதற்கு இணங்க, 1985இல் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அதை அடைத்தது. தன் மக்களைத் தாண்டவிடாமல் சுட்ட அதே காவல், யாழ்ப்பாணத்துப் பையனுக்கு முத்திரை குத்திக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மதியத்தில் கேட்டது என்னை உலுக்கிவிட்டது. அதன்பின் சுவர்ப்பாதை எனக்குப் பொழுதுபோக்காக இல்லை. ஒரு துண்டைக்கூட விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு ஷோனஃபெல்ட் வரை. கால்வாயும் நெடுஞ்சாலையும் பக்கம் பக்கமாகப் போகும், அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத துண்டு. 2020இல் திறந்த புதிய விமான நிலையம் பழைய ஷோனஃபெல்ட் நிலையத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அக்டோபரில் நானும் அங்கேதான் இறங்கினேன், கையில் மாணவர் விசாவும் இரண்டு பெட்டிகளும் வைத்துக்கொண்டு.

டிசம்பரில் லிஷ்டர்ஃபெல்ட் தெற்கு நிலையம் அருகே, முன்பு மரணப்பட்டையாக, அதாவது தாண்ட முயல்பவர்களைக் காவலர்கள் சுட்ட வெற்று நிலமாக இருந்த இடத்தில் நீண்ட செர்ரி மரச்சாலை. சுவர் விழுந்த மகிழ்ச்சியில் ஜப்பானிய மக்கள் ஒரு தொலைக்காட்சி வழியாகப் பணம் திரட்டி அனுப்பிய மரங்கள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நான் போனபோது ஓர் இலைகூட இல்லை.

ஜனவரியில் ஷ்டைன்ஷ்டுக்கன். கிழக்கு ஜெர்மனியின் வயிற்றுக்குள் தனியாகக் கிடந்த மேற்கு பெர்லின் சிற்றூர் அது. சுவர் எழுந்த மறுமாதமே அமெரிக்கத் தளபதி கிளே ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, இவர்களைக் கைவிடவில்லை என்று காட்டியிருக்கிறார். சாலைத் தொடர்பு 1972இல்தான் கிடைத்தது. அந்த ஹெலிகாப்டர்களின் நினைவாகச் சுழல்தகடு இரண்டை நட்டு வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஒற்றர்களைக் கைமாற்றிய கிளீனிக்கே பாலம் அன்றே முடிந்தது. அதன்பின் வான்சேயிலிருந்து கிளாடோவுக்குப் படகு. நம் சாதாரணப் பயணச்சீட்டே செல்லும், இருபது நிமிடம். பெர்லினில் இதைவிட நல்ல இருபது நிமிடத்தை நான் கண்டதில்லை. அக்கரையிலிருந்து சற்றுச் சுற்றிப் போனால் சக்ரோவில் ஏரிக்கரை தேவாலயம். அதன் மணிக்கூண்டையே சுவரின் அங்கமாக்கியிருந்தார்களாம். 1961 கிறிஸ்துமஸுக்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே வழிபாடு இல்லை. பூட்டிக் கிடந்த கோயில் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். உள்ளே போய்க் கைகூப்பினேன்.

பிப்ரவரி தேர்வுகளுக்குப் போய்விட்டது. மார்ச்சில் வடக்குக் காடுகளை மூன்று ஞாயிறுகளில் முடித்தேன். ஒரு காவல் கோபுரத்தை இளைஞர்கள் எடுத்து இயற்கை பாதுகாப்பு மையமாக வைத்திருக்கிறார்கள். பிறகு போர்ன்ஹோல்மர் தெருப் பாலம். 1989 நவம்பர் 9 இரவு, மேலிடத்து உத்தரவு வராமல், கூட்டம் பெருகிக்கொண்டே போக, ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி தடுப்பைத் திறக்கச் சொன்னது இங்கேதான். சுவரில் முதலில் திறந்த கதவு.

அங்கிருந்து பெர்னவர் தெரு. மரணப்பட்டைக்குள் மாட்டிக்கொண்ட தேவாலயத்தை 1985இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் இடிபாடுகளை நொறுக்கி, களிமண்ணோடு கலந்து, கெட்டித்துக் கட்டிய சிறு மண்கோயில் 2000இல் எழுந்தது. சுற்றிலும் கோதுமை போன்ற ரை தானியம் விதைத்திருக்கிறார்கள். நான் போனபோது முழங்காலுக்குக் கீழே பச்சையாக நின்றது. மண்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பாட்டி வீட்டுத் திண்ணைச் சுவர் போலச் சொரசொரவென்று இருந்தது.

கடைசித் துண்டுக்கு ஐயாவைக் கூப்பிட்டேன். முழுக்க நடக்க முழங்கால் விடாது, ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸவில் வந்து நிற்கிறேன் என்றார். அங்கே மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய கண்ணாடிக் கூடம் இன்று அருங்காட்சியகம். வழியனுப்ப வந்தவர்கள் வாசலில் நின்று அழுததால் அதற்குக் கண்ணீர் மாளிகை என்றே பெயர். நுழைவுக் கட்டணம் இல்லை. "நாப்பது வருசமா இஞ்ச இருக்கிறன், உள்ளுக்க போகேல்லை" என்றார்.

கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் அகலம்தான். முதுகுப் பக்கம் தெரிவதற்காக மேலே சாய்த்து மாட்டிய கண்ணாடி. ஐயா உள்ளே போய் நின்றார். சட்டைப் பையில் கைவிட்டார், எதையோ எடுப்பது போல. பிறகு கையை வெளியே எடுத்து, அந்தப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"என்னோட வந்தவர் ரெண்டு பேர். ஒருத்தர் கனடாவுக்குப் போயிட்டார். மற்றவர் போன மாசி காலமாயிட்டார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் செர்ரி மரம் எப்ப பூக்கும் பிள்ளை?" என்று கேட்டார்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, லிஷ்டர்ஃபெல்ட் தெற்கு நிலையத்தில் அவரும் அவர் மனைவியும் மடக்கு நாற்காலி ஒன்றோடு காத்திருந்தார்கள். இரண்டு கிலோமீட்டரை நாங்கள் மூன்று மணி நேரத்தில் நடந்தோம். ஐயாவின் மனைவி கொண்டுவந்த வடையைப் பூவுக்குக் கீழே உட்கார்ந்து தின்றோம்.