கூடத்தில் உட்கார்ந்து பேசினால் போதும்

டெல்டாவில் உள்ள பெரியவர்களைப் பேட்டி எடுத்து, பாட்காஸ்டாகவும் வீடியோவாகவும் வெளியிடுவது எங்கள் வேலை. நெல், நாகஸ்வரம், விளக்கு வார்ப்பு, மீன்பிடி என்று எதைப் பற்றியும் பேசுவோம். நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். பேசுகிறவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் இருப்பார். கேள்வி கேட்கிறவர் சில சமயம் சிங்கப்பூரில் இருப்பார். அவருக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இரவு வந்துவிடும். கேட்கிற நேயருக்கு மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசியது போல இருக்க வேண்டும்.

சென்னைக்கு அழைத்துப்போய் ஸ்டுடியோவில் உட்கார வைத்தால் ஒலி பிரமாதமாக வரும். ஆனால் அங்கே போனவுடன் மனிதர் சட்டையை மாற்றுவதோடு பேச்சையும் மாற்றிக்கொள்கிறார். நாற்றங்கால், மடை, வரப்பு என்று வாய் நிறையப் பேசுகிறவர் திடீரென்று மேடைத் தமிழுக்குப் போய்விடுவார். சொந்த வீட்டில், வெற்றிலைச் செல்லம் பக்கத்தில் இருக்கும்போது அவர் பேசுகிற பேச்சுதான் எங்களுக்கு வேண்டும். தொலைவிலிருந்து பதிவு செய்யும் மென்பொருளுக்கு நாங்கள் மாறியதற்குப் பணம் மிச்சமாவது இரண்டாவது காரணம்தான்.

ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்ற மென்பொருள்கள் செய்வது அடிப்படையில் ஒன்றுதான். சாதாரண வீடியோ அழைப்பில், நெட்வொர்க் வழியாக நசுங்கி நம்மிடம் வந்து சேரும் ஒலியைத்தான் பதிவு செய்கிறோம். சிக்னல் தடுமாறினால் பதிவும் தடுமாறும். இவற்றில் பேசுகிறவரின் போனிலேயோ லேப்டாப்பிலேயோ அவருடைய குரலும் முகமும் பதிவாகி, பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக இணையத்தில் உள்ள சர்வருக்கு ஏறுகின்றன. பேச்சு நடக்கும்போது நமக்கு விட்டு விட்டுக் கேட்டாலும், கடைசியில் கைக்கு வருகிற கோப்பு முழுசாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி டிராக். ஒருவர் பேசும்போது இன்னொருவர் இருமினால் அந்த இருமலை மட்டும் எடுத்துவிடலாம்.

ஆனால் இந்த ஏற்பாடு நெட்வொர்க் தொல்லையை விருந்தினரின் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. நசுக்காத நல்ல தரத்தில் (48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனல்) கணக்குப் போட்டால் ஒரு மணி நேர ஒலி மட்டும் 345 எம்பி வருகிறது. வீடியோ என்றால் ஜிபி கணக்கு. கிராமத்தில் பெரும்பாலும் மொபைல் டேட்டாதான், அதுவும் ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி. அது தீர்ந்துவிட்டால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ஒலிக் கோப்பு மட்டும் ஏறி முடிக்க 12 மணி நேரம் ஆகும். அதனால் வீடியோ பேட்டியை இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்கிறோம். நள்ளிரவு தாண்டியதும் புது நாளின் டேட்டா வந்துவிடும், மீதி விடிவதற்குள் ஏறிவிடும். போனைச் சார்ஜில் போட்டு, பதிவு நடந்த இணையப் பக்கத்தை மூடாமல் வைத்திருக்க வேண்டும். அதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகிற வார்த்தை: "ஐயா, முடிஞ்சதுன்னு போனை அணைச்சுடாதீங்க."

இன்னொன்று, நடுவில் வருகிற போன் அழைப்பு. பதிவாகிக்கொண்டிருக்கும் போனுக்கே அழைப்பு வந்தால் மைக் அதன் கைக்குப் போய்விடும். வீட்டில் இன்னொரு போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்துவிட்டு, பதிவு செய்கிற போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்தால் கவலை இல்லை. இயர்போன் வயர் உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் இயர்போனின் மைக்கைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் போன் பேச்சுத் தரத்துக்குக் குரல் இறங்கிவிடும், அதை எந்த எடிட்டாலும் மீட்க முடியாது.

அறையைப் பற்றி நிறையச் சொல்லலாம். புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீட்டில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும். பழைய ஓட்டு வீட்டில் முற்றம் வழியாகக் காக்கை உள்ளே வந்து பேசும். எங்கள் அனுபவத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறையை மிஞ்சிய இடம் இல்லை. சாக்கும் நெல்லும் ஒலியை விழுங்கிவிடுகின்றன. அது இல்லையென்றால் கொடியில் போர்வையைத் தொங்கவிடச் சொல்லுவோம். நாள் குறிப்பதற்கும் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரிதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி, தையில் அறுவடை இயந்திரம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை. விவசாயி போனையே எடுக்க மாட்டார். சித்திரையில் ஆள் கிடைப்பார்கள், ஆனால் அந்தப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல மனசு வராது. அப்போது பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து எடுப்போம்.

இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நாகஸ்வரம்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில், அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் காய்ந்த மரத்தில், அங்கே அதைக் கடைகிறார்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனம்தான் இன்று மேடையில் நாம் கேட்கும் நாகஸ்வரத்துக்கு வழி போட்டது. இதையெல்லாம் ஒரு வித்வான் சொல்லக் கேட்டு, அப்படியே வாசிக்கவும் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு நிகழ்ச்சி வைத்தோம்.

அவர் வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து, ஒரு முறை ஊதிப் பார்த்து, சரிப்படாமல் நாயனத்தில் தொங்கிய இன்னொன்றை மாட்டினார். போனைப் பார்த்துக்கொண்டது பேத்தி. தோடி ராகம் ஆரம்பித்து மேல் ஷட்ஜத்தில் நின்று, அந்த ஒரே சுரத்தை நீட்டிக் கார்வை கொடுத்தார். எங்கள் பக்கம் முதல் நொடி கேட்டது, அப்புறம் ஒலி தேய்ந்து காணாமல் போனது. அழைப்புகளில் இருக்கும் இரைச்சல் நீக்கம் மனிதக் குரலைக் காப்பாற்றப் பழக்கப்பட்டது. மாறாமல் நிற்கிற ஒலி எதுவானாலும் அதற்கு ஃபேன் சத்தம்தான். வித்வான் நிறுத்திவிட்டு, "தம்பி, உங்களுக்குச் சரியா வருதா?" என்றார்.

இரைச்சல் நீக்கத்தையும் எதிரொலி நீக்கத்தையும் அணைத்தோம். அதற்குப் பின் இன்னொரு வேலை இருந்தது. நாயனம் திறந்த வெளியில், வீதிக்கே கேட்பதற்காகச் செய்த வாத்தியம். கை எட்டும் தூரத்தில் இருக்கிற போன் மைக்கில் சத்தம் தாங்காமல் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும், வெட்டுப்பட்டதை ஒட்ட வைக்க முடியாது. பேச்சுக்கு ஒரு போன் அவர் பக்கத்தில், வாசிப்புக்கு இன்னொரு போன் ரேழியில், நாயனத்தின் விரிந்த முனையான அணைசுக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி. பேத்தி எங்களைவிடச் சீக்கிரம் இதைப் புரிந்துகொண்டாள். "தாத்தா, போனைப் பாக்காம வாசிங்க" என்றாள். நாங்கள் எங்கள் மைக்கை அணைத்துவிட்டோம், அவர் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்தார்.

தவிலை வேறு ஊரிலிருந்து சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. ஒரு முனையின் ஒலி மறுமுனைக்குப் போய்ச் சேரவே நேரம் எடுக்கும். பேச்சில் அது தெரியாது, தாளத்தில் உடனே தெரிந்துவிடும். இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்தால்தான் கச்சேரி.

எடிட்டில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இப்போதைய மென்பொருள்கள் ஒரு பொத்தானில் மௌனத்தை எல்லாம் வெட்டித் தருகின்றன. கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எழுபது வயதுக்காரர் கஜா புயல் அடித்த 2018 நவம்பர் இரவைப் பற்றிச் சொல்லும்போது, தென்னை எத்தனை போச்சு என்று கேட்டதற்கு உடனே பதில் சொல்ல மாட்டார். அந்த இடைவெளி அவருடைய பதிலில் சேர்ந்தது. அதைக் கையால் கேட்டுக் கேட்டுத்தான் தீர்மானிக்கிறேன், வேலை இரட்டிப்பானாலும். தானாக எழுத்தாக்கும் வசதியையும் தேடுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா என்ற நெல் பெயரையும் தாளடி என்ற சாகுபடிப் பெயரையும் அது என்னென்னவோ ஆக்கிவிடுகிறது.

பேட்டி முடிந்தபின் மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுக் குடும்பத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். வித்வான் வீட்டிலிருந்து பேத்தி கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க பேசுறது எதுவும் இல்லாம, தாத்தா வாசிச்சது மட்டும் தனியா வேணும்." தனி டிராக்காக இருந்ததால் அன்று மாலையே அனுப்ப முடிந்தது.