பம்பும் டாக்டரும்: கோலாலம்பூர் செந்தூல் நாட்குறிப்பு, 2024

செப்டம்பர் 3, செவ்வாய்

மகளைப் பார்க்கும் அரசு கிளினிக் டாக்டருக்குச் சபாவுக்கு மாற்றல். மகளைப் பார்த்து முடித்து, அடுத்த தேதி எழுதும்போதுதான் சொன்னார். டிசம்பரில் நாங்கள் வரும்போது அந்த அறையில் வேறொருவர் இருப்பாராம். மகளுக்கு எட்டு வயது, ஆஸ்துமாவுக்குப் பம்ப் (இன்ஹேலர்) அடிக்கிறாள். அவள் கேட்ட ஒரே கேள்வி, "அங்கேயும் பம்ப் அடிக்கிற பிள்ளைகள் இருக்காங்களா?"

வருத்தத்தைக் காட்டிக்கொள்ள முடியவில்லை. அவருக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. 2016 கடைசியில், அரசு டாக்டர்களை நிரந்தரமாக எடுக்காமல் சில வருட ஒப்பந்தத்தில் எடுக்கும் முறை வந்ததிலிருந்து இந்த இளம் டாக்டர்கள் படும் பாடு ஊருக்கே தெரியும். 2021 ஜூலை 26-ஆம் தேதி கறுப்பு உடையோடு மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்களே, அந்தத் தலைமுறைதான் இவரும். நிரந்தரம் என்று கடிதம் வந்தால் கடல் தாண்டிப் போகத்தான் வேண்டும்.

ஆனாலும் இரவு தூக்கம் வராமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவரிடம் வருவதற்கு முன் நாங்கள் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். இருமல் வந்தால் பக்கத்துக் கிளினிக். ஞாயிற்றுக்கிழமை என்றால் திறந்திருக்கிற கிளினிக். என் கம்பெனி பணம் கட்டும் பேனல் கிளினிக் என்றால் காசு மிச்சம். எல்லா இடத்திலும் நெப் (மருந்தை ஆவி போல முகமூடியில் இழுக்க வைக்கும் நெபுலைசர்) வைப்பார்கள், சிரப் கொடுப்பார்கள், இழுப்பை உடனே தணிக்கிற நீல பம்ப் ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். அந்த இரவுக்கு அது சரியான வைத்தியம்தான், யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இந்த டாக்டர் முதல் நாள் வேறு மாதிரி ஆரம்பித்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, போன ஒரு வருடத்தில் எங்கெங்கே போனீர்கள், எத்தனை நீல பம்ப் வாங்கினீர்கள் என்று என்னையும் மனைவியையும் உட்கார வைத்து எழுதினார். ஒரு குப்பியில் 200 முறை அடிக்கலாம். ஒரு வருடத்தில் மூன்று குப்பியோ அதற்கு மேலோ தீர்ந்தால் நோய் கட்டுக்குள் இல்லை, பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தமாம். எங்கள் கணக்கு அதைத் தாண்டியிருந்தது. ஆளுக்கொரு பம்ப் கொடுத்த டாக்டர்களில் ஒருவருக்கும் முந்தைய பம்ப்களைப் பற்றித் தெரியாது. எப்படித் தெரியும்? ஒவ்வொருவருக்கும் அவள் புது நோயாளி.

அன்றுதான் ஆரஞ்சு பம்ப் வந்தது. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கிற ஸ்டீராய்டு, இழுப்பு வராமல் தடுக்கிற பம்ப், காலையும் இரவும். அதற்குப் பிறகு நெப் வைக்கப் போவது அரிதாகிவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று விளக்கேற்றும்போது கை தானாகச் சாம்பிராணி டப்பாவைத் தேடியது, பழக்கம். வீட்டுக்குள் சாம்பிராணி போடுவதை நிறுத்திப் பல மாதமாகிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில்தான் மகளுக்கு இருமல் அதிகம் என்று கண்டுபிடித்தது அந்த டாக்டர்தான். வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன நடக்கும் என்று மலாயில் கேட்டார். நான் விளக்க ஆரம்பித்ததும் "கெமெஞான்?" என்றார், மலாயில் சாம்பிராணி. அவருடைய பாட்டி வீட்டிலும் புகைப்பார்களாம்.

இது ஃபைலில் எங்கே இருக்கும்? இருக்கிறதா என்றே தெரியவில்லை. அடுத்து வருபவருக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

மனைவிக்கு என் கவலை கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. "மருந்து அதேதானேங்க? ஃபைலும் அங்கேயேதானே இருக்கு? டாக்டர் மாறினா என்ன?" அத்தைக்கு நேரெதிர் கருத்து. ஈப்போவில் அவருக்கு ஒரு டாக்டர் இருந்தார். என் மனைவி, அவள் அண்ணன், தம்பி எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்தவர். "கைராசி மாப்பிள்ளை. அவர் தொட்டாலே பாதி சுகம்." கைராசியை நான் நம்புவதில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளையும் பிறந்ததிலிருந்து பார்த்த ஒருவர், வாசலில் நுழையும்போதே எது யாருடைய வழக்கமான இருமல் என்று தெரிந்துகொள்வார் என்பதை நம்புகிறேன். அத்தை அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு, அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, சனி

பள்ளியில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை. தீபாவளிக்கு முன் வகுப்பறைகளைக் கழுவித் துடைக்கிறார்கள். தூசு காரணமாக மகளை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். மின்விசிறி துடைக்கிற நேரத்தில் பேச்சு எப்படியோ பிள்ளைகளின் இழுப்பு பக்கம் திரும்பியது. இத்தனை வீட்டில் ஸ்பேசர் (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் குழாய்) இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

லாரி ஓட்டும் ஒரு அண்ணன் முதலில் என்னை மடக்கினார். "உங்க டாக்டர் ராத்திரி ரெண்டு மணிக்கு இருப்பாரா? இழுப்பு அப்பதானே வருது? எமர்ஜென்சியில இருக்கிறது எல்லாம் முகம் தெரியாத ஆள்தான். அங்கதான் பிள்ளை பிழைக்குது." பதில் சொல்ல முடியவில்லை. அவர் மகனுக்கு ஒரு தடவை ரொம்ப மோசமாகிப் போனதாம்.

ஐந்தாம் ஆண்டுப் பையனின் அம்மா ஒருவர். அவருடைய பெரிய மகனுக்கு இப்போது பதினான்கு வயது. ஒரே தனியார் குழந்தை நிபுணரிடம் ஒன்பது வருடமாகப் போகிறார்கள். ஒரு தடவை போய் வந்தால் நூற்றைம்பது ரிங்கிட்டுக்குக் குறையாதாம். "அந்தக் காசுக்கு ஒரே ஒரு பலன் சொல்றேன் கேளுங்க" என்றார். போன வருடம் மகன் ஆரஞ்சு பம்பை நிறுத்திவிட்டான். கூட்டாளிகள் முன்னால் அடிக்க வெட்கம். காலையும் இரவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடித்ததாகச் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியாது. டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். ஐந்து வயதில் தன்னைத் தூக்கி எடை மேடையில் நிறுத்தியவரிடம் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை போல. முதல் தடவை பார்க்கும் டாக்டரிடம் "அடிக்கிறேன்" என்று சொல்லியிருப்பான், அவரும் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டியிருப்பார்.

இது எனக்குப் பிடித்த கதை. அடுத்தது பிடிக்காத கதை, ஆனால் அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வாளியோடு நின்றிருந்த ஒரு அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார். அவர் மகளை நான்கு வயதிலிருந்து ஒரே குடும்ப டாக்டரிடம்தான் காட்டினாராம். அன்பான மனிதர், மகளுக்கு மிட்டாய் வைத்திருப்பார். மாதத்துக்கு ஒரு தடவை நெப், சிரப், வீட்டுக்கு. வருடக்கணக்கில் இதேதான். ஒரு முறை அவர் விடுப்பில் போக, மாற்றாக உட்கார்ந்த இளம் டாக்டர் அட்டையைப் பின்னாலிருந்து புரட்டிவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஏன் தடுப்பு பம்ப் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை?" என்று கேட்டாராம். "அஞ்சு நிமிஷம் பார்த்தவருக்குத் தெரிஞ்சது இவருக்கு ஏன் தெரியல?" என்று அக்கா கேட்டபோது யாரும் பேசவில்லை.

அப்படியானால் ஒரே டாக்டர் என்பது மட்டும் போதாது. பின்னால் புரட்டிப் பார்க்கிற ஒரே டாக்டர் வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

நேற்று முழுவதும் சளி. சாயங்காலம் மழை. இரவு ஒரு மணிக்கு மேல் இழுப்பு ஆரம்பித்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் டாக்டர் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. அதில் இருந்தபடி நீல பம்ப், ஸ்பேசரில், ஒவ்வொன்றாக ஆறு முறை. இருபது நிமிடம் பொறுத்து மறுபடியும். விலா எலும்புக்கு இடையில் சதை உள்ளே போவது நிற்கவில்லை. வாக்கியம் முடிக்காமல் மூச்சு வாங்கினாள். தாளின் சிவப்புக் கட்டத்தில் எழுதியிருப்பது அதுதான், கிளம்பு.

எமர்ஜென்சியில் ஆஸ்துமா பே என்று தனி இடமே இருக்கிறது. உட்காரும் முன்பே விரலில் கிளிப் மாட்டினார்கள், ஆக்சிஜன் 93 சதவீதம். ஒன்றன்பின் ஒன்றாக நெப், வாயில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. டாக்டர், வயது முப்பதுகூட இருக்காது, கேட்டுக்கொண்டே வேலை செய்தார். கடைசியாக எப்போது வார்டில் சேர்த்தீர்கள்? ஐசியூவில் இருந்ததுண்டா? ஸ்டீராய்டு கடைசியாக வாயில் கொடுத்தது எப்போது? தினமும் எந்த பம்ப், எத்தனை முறை? மகளின் இழுப்பு, மருந்து விவரமெல்லாம் எழுதி வைத்த பள்ளி அப்பியாசப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைத் திறந்து காட்டினேன். இரண்டு பக்கம் படித்ததும் அவர் கேள்விகளை நிறுத்திவிட்டார்.

லாரி அண்ணன் சொன்னது முழு உண்மை. முகம் தெரியாதவர்தான் காப்பாற்றினார். ஆனால் அவர் படித்தது எங்கள் டாக்டர் எழுதப் பழக்கிய புத்தகம்.

காலையில் 97 வந்ததும் அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளுக்கு மாத்திரை, அடுத்த சில நாட்களில் கிளினிக்கில் காட்டச் சொல்லி ஒரு கடிதம். டிசம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

புது டாக்டர். சீன இளைஞர், மலாய் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறார். கடிதத்தைப் படித்தார், ஃபைலைப் பார்த்தார், ஆரஞ்சு பம்பின் அளவை இரட்டிப்பாக்கலாம் என்றார். போன வருடம் அப்படிக் கூட்டிப் பார்த்ததும், மூன்று மாதம் நன்றாக இருந்ததால் குறைத்ததும் ஃபைலில் ஒரு மூலையில் கிறுக்கலாக இருக்கிறது. நான் பக்கத்தைக் காட்டினேன். முகம் சுளிப்பார் என்று பயந்தேன். இல்லை. பேனாவை வைத்துவிட்டு மகளைப் பார்த்து, "எப்படி அடிப்பாய் என்று காட்டு" என்றார்.

அவள் உற்சாகமாக ஸ்பேசரை வாயில் வைத்து இழுத்தாள். விசில் சத்தம் கேட்டது. எங்களுக்குப் பழகிப்போன சத்தம், தம்பியிடம் பெருமையாகக் காட்டுவாள். அவர் சிரித்துவிட்டார். அந்த விசில், வேகமாக இழுக்கிறாய் என்று சொல்லும் எச்சரிக்கையாம். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும், நுரையீரலுக்குப் போவது குறையும். விசில் வராமல் மெதுவாக, ஒரு முறை அடித்தால் ஐந்தாறு மூச்சு. பிறகு வாய் கொப்பளிப்பு. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் காய விடச் சொன்னார், துடைத்தால் உண்டாகும் மின்னேற்றத்தில் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம்.

பழைய டாக்டர் முதல் நாள் அழகாகச் சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம், இவளுக்குத்தான் தெரியுமே என்று அவரும் கேட்கவில்லை. பழகிய கண்ணுக்குத் தப்பியது புதிய கண்ணுக்குத் தட்டுப்பட்டது. வாளி அக்கா ஞாபகம் வந்தது.

அளவு கூட்டவில்லை. முறையைத் திருத்திக்கொண்டு நான்கைந்து வாரத்தில் வரச் சொன்னார். சாம்பிராணி கதையைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். அறையை விட்டு வந்ததும் நேராக கவுண்டருக்குப் போய், மறுபடியும் இவரிடமே தேதி கிடைக்குமா என்று கேட்டேன். அங்கிருந்த அக்கா, இவர் எந்த அணி, எந்தெந்த நாள் உட்காருவார் என்று பார்த்துச் சொன்னார். சுகாதார அமைச்சு 2013-இல் குடும்ப டாக்டர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குடியிருப்பை வைத்துக் குடும்பங்களைப் பிரித்து ஒரே அணியிடம் விடுவது. எல்லாக் கிளினிக்கிலும் அது நினைத்தபடி நடக்காது, ஆள் பற்றாக்குறை. ஆனால் கேட்டால் முடிந்தவரை செய்து தருகிறார்கள். பலர் கேட்பதே இல்லை.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. பட்டாசுச் சத்தம் நின்றும் புகை நிற்கவில்லை, சன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். மகள் முறுக்கு தின்றதில்தான் இருமினாள். அத்தை ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார். தினமும் ஸ்டீராய்டா என்று கேட்டு, பிள்ளை வளராமல் போய்விடும் என்று ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

அதே டாக்டர். பெயரைச் சொல்லும் முன்பே மகளைப் பார்த்து உதட்டைக் குவித்து விசில் அடித்துக் காட்டினார். அவள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள்.

கேள்விகள் அதேதான், போன நான்கு வாரத்தில். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்பு வந்ததா, இரவில் எழுந்தாளா, நீல பம்ப் எத்தனை தடவை, ஓடி விளையாட முடிகிறதா. எல்லாம் நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே இருந்தால் குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார். கூட்டுவதற்கு எந்த டாக்டரும் தயங்குவதில்லை. குறைக்கத்தான், முன்பு எப்படி இருந்தாள் என்று பார்த்திருக்கிற ஒருவருக்குத் துணிச்சல் வரும்.

அத்தையின் கேள்வியையும் கேட்டேன். உயரத்தை அளந்து, ஃபைலில் பழைய டாக்டர் ஒவ்வொரு தடவையும் போட்டு வைத்திருந்த புள்ளிகளோடு சேர்த்துக் கோடு இழுத்தார். கோடு ஒழுங்காக ஏறுகிறது. தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு உயரத்தைச் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைக்கலாம், கட்டுப்படாத ஆஸ்துமாவோடு ஒப்பிட்டால் அது சின்ன விலை என்றார். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன், அத்தைக்கு அனுப்ப.

அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, அவரைச் சங்கடப்படுத்துவானேன்.

அடுத்த தேதி பிப்ரவரி 18. தைப்பூசம் அதற்கு ஒரு வாரம் முன்னால், 11-ஆம் தேதி. பத்துமலை 272 படி ஏறலாமா என்று மகளே கேட்டாள். அதிகாலையிலேயே போ, கூட்டத்தையும் ஊதுபத்திப் புகையையும் தவிர், நீல பம்பும் ஸ்பேசரும் அப்பா பையில் இருக்கட்டும், பாதியில் மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடு என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏறினாளா இல்லையா என்று 18-ஆம் தேதி சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.