ஒன்பது ஒற்றை ஸ்டார், மூன்று புகார், பத்தொன்பது நாள்

ஐந்து ஸ்டாருக்கு 4.81 சராசரியில் இருந்த என் தொடர்கதை 4.34க்கு விழுந்து, இப்போது 4.67ல் நிற்கிறது. போனதில் முக்கால்வாசி திரும்பி வந்தது, கால்வாசி வரவில்லை. அந்தக் கால்வாசியில் ஒரு சின்னப் பங்குக்குக் காரணம் எதிராளி அல்ல, நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொடர்கதைத் தளங்களில் எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல. போட்டி அறிவித்ததும் ஃபேக் ஐடிகள் முளைக்கும். பட்டியலில் மேலே இருக்கிற நாலைந்து கதைகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஒற்றை ஸ்டார் விழும். மொட்டைக் கடுதாசிக்கு ஆன்லைனில் வந்த வாரிசு. "புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆகிறது. ஆனால் கொடுக்கிற விதத்தில் கொடுக்க வேண்டும். என் முதல் இரண்டு புகாரும் அப்படிக் கொடுக்கப்படவில்லை.

கதை அப்போது பதினான்கு அத்தியாயம். போட்டிப் பட்டியலில் நிற்க 4.50க்கு மேல் சராசரி வேண்டும், குறைந்தது 25 ஓட்டு வேண்டும். என்னிடம் 64 ஓட்டு இருந்தது. பதிவு, சமர்ப்பிப்பு எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. ஒரு நாள் ராத்திரி 2.11க்கும் 2.28க்கும் இடையில் "உங்கள் கதைக்குப் புதிய மதிப்பீடு" என்று வரிசையாக ஒன்பது மெயில். காலையில் பார்த்தால் கதை பட்டியலிலேயே இல்லை.

முதல் புகாரைக் கோபத்தில் எழுதினேன். "வேண்டுமென்றே என் ரேட்டிங்கைக் குறைத்திருக்கிறார்கள், ராத்திரி 2.11ல் தொடங்கியது, யார் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரு பத்தி. கூடவே கதைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். இதில் மூன்று ஓட்டை. ஸ்கிரீன்ஷாட்டில் ரேட்டிங் 4.3 என்றுதான் தெரிகிறது, ஏனென்றால் வாசகர் பார்க்கும் பக்கத்தில் ஒரே ஒரு தசமம். ஓட்டு எண்ணிக்கை திரைக்குக் கீழே, படத்துக்கு வெளியே போய்விட்டது. மூன்றாவது ஓட்டை, "யார் என்று தெரியும்" என்றது. ஐந்து நாள் கழித்து ஒரு டெம்ப்ளேட் பதில் வந்தது: எல்லா வாசகருக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு, சக எழுத்தாளர்மேல் ஆதாரமில்லாமல் குற்றம் சுமத்துவது விதிமீறல். புகார் கொடுத்த எனக்கே எச்சரிக்கை! இதைவிட ஒரு சாத்து வேண்டுமா?

சந்தேகப்படும் ஆள் யாராக இருந்தாலும் பெயரை எழுதவே எழுதாதீர்கள். ஐபி முகவரியும் கணக்குத் தொடங்கிய தேதியும் தளத்தாரிடம்தான் இருக்கின்றன, ஆளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நாம் பெயர் சொன்ன நிமிடமே அது ஓட்டு முறைகேட்டுப் புகாராக இல்லாமல் இரண்டு எழுத்தாளர்களின் சண்டையாகிவிடும். சண்டைப் புகார்கள் வேறு வரிசைக்குப் போகும், அந்த வரிசை நகராது. படிவத்தில் வகை தேர்ந்தெடுக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். "விமர்சனம் குறித்த புகார்" என்பதைத் தொட்டால் டெம்ப்ளேட் பதில்தான். "போலிக் கணக்கு", "ஓட்டு முறைகேடு" என்று ஏதாவது இருந்தால் அதைப் பிடியுங்கள்.

இரண்டாவது புகாரில் "யார் என்று தெரியும்" என்பதை நீக்கினேன், நேரத்தை வைத்தேன், வகையை மாற்றினேன். மூன்று நாளில் பதில்: "நீங்கள் குறிப்பிட்ட நேரத்தில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை." உண்மைதான். தளத்தின் பதிவேடு யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடுகிறது, நான் எழுதியது என் கடிகார நேரம். அவர்கள் 2.11 யூடிசியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லை. எட்டு நாள் இப்படியே போயிற்று.

யூடிசி நேரத்தைச் சரியாக எடுக்க அறிவிப்பு மெயிலே போதும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளியைத் தட்டினால் "ஷோ ஒரிஜினல்" என்று இருக்கும் (மொபைல் ஆப்பில் தேடாதீர்கள், கிடையாது). அதில் "டேட்" என்ற வரியின் கடைசியில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு நாலு இலக்கம் (மணியும் நிமிடமும்) வரும். யூடிசிக்கும் அந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கூட்டல் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள், கழித்தல் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம் என்றால் தேதியே மாறலாம், அதையும் பாருங்கள். அறிவிப்பு மெயில்களை "தொல்லை" என்று அணைத்து வைத்திருப்பவர்கள் போட்டிக் காலத்திலாவது திறந்து வையுங்கள். மெயிலில் எத்தனை ஸ்டார் என்று இருக்காது, நேரம் இருக்கும். அது போதும்.

எத்தனை ஸ்டார் என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். புகார் எடுபட்டது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எழுத்தாளர் டாஷ்போர்டில் சராசரி இரண்டு தசமம் வரை காட்டும், ஓட்டு எண்ணிக்கையும் காட்டும். முந்தைய ராத்திரி நான் குறித்து வைத்திருந்தது 64 ஓட்டு, 4.81. பெருக்கினால் 307.84. ஸ்டார்களின் கூட்டுத்தொகை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், எனவே 308. சரிபார்க்க: 307ஐ 64ஆல் வகுத்தால் 4.80, 309ஐ வகுத்தால் 4.83. ஆக 308தான், வேறு வழியில்லை. காலையில் 73 ஓட்டு, 4.34. பெருக்கினால் 316.82, அதாவது 317. இங்கும் 316 என்றால் 4.33, 318 என்றால் 4.36 காட்டியிருக்கும். 317லிருந்து 308 போனால் 9. ஒன்பது ஓட்டு, கூட்டுத்தொகையும் ஒன்பது. ஒன்று இரண்டாகவோ மூன்றாகவோ இருந்திருந்தால்கூட இந்த எண் வராது. ஒன்பதும் ஒற்றை ஸ்டார் என்பது இனி ஊகம் இல்லை, கணக்கு.

இந்தக் கணக்கு நூறு ஓட்டுக்குள் இருக்கும்வரைதான் சந்தேகமில்லாமல் வேலை செய்யும். அதற்குமேல் போனால் இரண்டு வெவ்வேறு கூட்டுத்தொகைக்கு ஒரே சராசரி காட்டலாம். அரை ஸ்டார் போடவிடும் தளம் என்றால் ஐம்பதுக்குள். ஓட்டு ஏற ஏறக் குறிக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை, ராத்திரி என்று இரண்டு வேளை ஒரு ஷீட்டில் யூடிசி நேரம், ஓட்டு, சராசரி, முதல் அத்தியாயப் பார்வை, கடைசி அத்தியாயப் பார்வை என ஐந்து கட்டம் நிரப்பினால் போதும். ஒரு நிமிட வேலை. தாக்குதல் நடந்த பிறகு இதைத் தொடங்கிப் பயனில்லை, "முன்னால்" என்கிற வரி இல்லாமல் "பின்னால்" என்பதற்கு அர்த்தமே கிடையாது.

பார்வை எண்ணிக்கை எதற்கென்றால், நிஜமாகவே பிடிக்காத வாசகர் பெரும்பாலும் முதல் இரண்டு அத்தியாயத்திலேயே கழன்றுகொள்வார். திட்டுகிறவர்கூட எதையாவது படித்துவிட்டுத்தான் திட்டுவார். அன்றிரவு என் முதல் அத்தியாயத்துக்கு ஏறிய பார்வை 3, பதினான்காவதற்கு ஏறியது 12. கதைக்குள் நுழையாமல் நேரே கடைசி அத்தியாயத்தில் குதித்து, ஓட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அத்தியாயம் மட்டும் சுமார் 1,800 சொல். பதினேழு நிமிடத்தில் ஒன்பது பேர், சராசரியாகச் சுமார் இரண்டு நிமிட இடைவெளியில் ஒருவர். ஒரு எச்சரிக்கை: சில தளங்களில் பார்வை எண் பல மணி நேரம் தாமதமாகத்தான் ஏறும். எனவே உடனே படம் எடுத்து அனுப்பாதீர்கள், ஒரு நாள் பொறுத்துக் குறியுங்கள்.

மூன்றாவது புகார் ஆறே வரி. கதை எண், அத்தியாய எண், யூடிசியில் தொடக்கமும் முடிவும், முன்னால்–பின்னால் ஓட்டும் கூட்டுத்தொகையும், இரண்டு அத்தியாயங்களின் பார்வை. கடைசி வரி: "இந்த ஒன்பது கணக்குகளின் பதிவுத் தேதி, ஐபி, வாசிப்பு நேரம் மூன்றையும் சரிபார்க்க வேண்டுகிறேன்." மனவருத்தம், உழைப்பு, எத்தனை மாதம் கண்விழித்து எழுதினேன் என்பதெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. அதைப் பழைய டிக்கெட்டிலேயே, அதாவது அதே புகார் எண்ணிலேயே, பதில் மெயிலாக அனுப்பினேன். புதுசாகத் திறந்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம்.

இணைப்பாக டாஷ்போர்டின் முழுத் திரைப் படம், கணினிக் கடிகாரமும் தெரியும்படி. வெட்டி ஒட்டி அழகுபடுத்திய படத்தை யாரும் நம்பமாட்டார்கள். கதைப் பக்கத்தை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமிக்கும் காப்பகம்) சேமித்து வைப்பதும் நல்லது, அந்தத் தேதியை நாம் மாற்ற முடியாது என்பதால் அதற்கு மதிப்பு. லாகின் செய்து பார்க்கும் பக்கங்கள் மட்டும் அதில் ஏறாது.

அந்த ஒன்பதில் ஒரு கணக்கு "போர்" என்று ஒரே சொல்லில் கருத்தும் போட்டிருந்தது. கை அரித்தது, ஆனாலும் அழிக்கவில்லை. சரியான முடிவு. ஓட்டு யாருடையது என்று நமக்குத் தெரியாது, கருத்தைத் தட்டினால் கணக்கு தெரியும்: அன்றைக்கே தொடங்கியது, வேறெதையும் படித்ததில்லை. ஓட்டுப் போட்டவர் விவரம் வெளியே தெரிகிற தளம் என்றால் இன்னும் வசதி, அதே கணக்குகள் யாருக்கு ஐந்து ஸ்டார் போட்டிருக்கின்றன என்று பார்க்கலாம். 2023 டிசம்பரில் குட்ரீட்ஸ் என்ற நூல் மதிப்பீட்டுத் தளத்தில் ஒரு அறிமுக எழுத்தாளர் மாட்டியது இப்படித்தான். போலிக் கணக்குகளில் சக அறிமுக எழுத்தாளர்கள் பலருக்கு ஒற்றை ஸ்டார், தன் நூலுக்கு ஐந்து. விஷயம் அம்பலமாகிப் பதிப்பகம் அந்த நூலையே கைவிட்டது.

அடுத்து, நான் செய்ய நினைத்து நல்லவேளையாகச் செய்யாதது. கதையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினால் ஒற்றை ஸ்டார் போய்விடுமே என்று தோன்றும். போகும், கூடவே 64 ஓட்டும் கருத்துகளும் போகும், புகாருக்கு ஆதாரமும் போகும். இன்னொரு சபலம், தெரிந்தவர்களை அழைத்து ஐந்து ஸ்டார் போடச் சொல்லிச் சரிக்கட்டுவது. 4.81ல் இருக்கும் கதைக்கு ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்தால், பழைய சராசரிக்குத் திரும்ப இருபது ஐந்து ஸ்டார் வேண்டும். ஒன்பதுக்கு நூற்றெண்பதுக்கும் மேல். என்னைப் பட்டியலிலிருந்து தள்ள ஆறே ஓட்டு போதுமாக இருந்தது, ஒன்பது போட்டது உபரி. கீழே இழுப்பவனுக்கு வேலை அவ்வளவு சுலபம், இந்தப் பந்தயத்தில் ஓடி ஜெயிக்க முடியாது. நடுவில் "நீங்க எங்களுக்கு அஞ்சு போடுங்க, நாங்க உங்களுக்குப் போடறோம்" என்று ஒரு குழுவிலிருந்து அழைப்பும் வந்தது. அந்தக் குழுவின் ஒரு ஸ்கிரீன்ஷாட் அட்மின் கைக்குப் போனால் மொத்தக் குழுவும் காலி.

பத்தொன்பதாம் நாள் காலை டாஷ்போர்டில் 61 ஓட்டு. 73லிருந்து பன்னிரண்டு குறைந்திருக்கிறது, விழுந்ததோ ஒன்பதுதானே? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 61 ஓட்டு, 4.67, கூட்டுத்தொகை 285. குறைந்தது 32. பன்னிரண்டு ஓட்டில் 32 குறைய வேண்டுமென்றால் ஏழு ஒற்றை ஸ்டாரும் ஐந்து ஐந்து-ஸ்டாரும் என்பதுதான் பொருந்துகிறது. அந்த ஐந்து எவை என்று யோசிக்கவே தேவையில்லை. கதை தொடங்கிய வாரம் வீட்டில் எல்லோருக்கும் லிங்க் அனுப்பி, "ஒரு அக்கவுன்ட் தொடங்கி ஸ்டார் போடுங்கள்" என்றேன். ஒரே வைஃபை, ஒரே நாள், அதற்குப் பிறகு வேறெதையும் படிக்காத ஐந்து கணக்குகள். போலிகளைச் சலித்தெடுப்பவனுக்கு அதுவும் ஃபேக் ஐடி, இதுவும் ஃபேக் ஐடி. அவர்கள் நிஜமாகப் படித்தார்கள் என்பது எனக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. வீட்டு ஆட்களை ஓட்டுப் போடச் சொல்லாதீர்கள். போட்டுத்தான் தீருவேன் என்றால் அவரவர் போனில், அவரவர் டேட்டாவில், நாலு பேர் கதையையும் படிக்கும் கணக்கிலிருந்து வரட்டும். அப்படி வந்தால் அது வாசகர் ஓட்டு.

எந்த ஓட்டை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை எப்படித் தப்பலாம் என்று பாடம் எடுத்த மாதிரி ஆகும் என்பது புரிகிறது. ஆனால் வெறும் சராசரியை வைத்துப் பட்டியல் போடுகிற வரை இந்தத் தலைவலி தீராது. திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி தன் முதல் 250 படப் பட்டியலுக்கு வெறும் சராசரியை எடுப்பதில்லை, எல்லாப் படத்துக்கும் ஒரு பொதுச் சராசரியில் கொஞ்சம் ஓட்டு ஏற்கெனவே விழுந்ததுபோல் வைத்துக்கொண்டு எடை போடுகிறது. அதே வழியில் 4.20ல் ஐம்பது ஓட்டை முன்கூட்டியே சேர்த்து என் கதையைக் கணக்கிட்டால், 4.54லிருந்து 4.28க்கு விழுந்திருக்கும். வெறும் சராசரியில் 0.47 சரிவு, இதில் 0.26. நின்றுவிடாது, ஆனால் கவிழ்க்க மெனக்கெட வேண்டும். ரசிகர் புனைகதைத் தளமான ஏஓ3ல் இறக்குகிற பொத்தானே இல்லை, பிடித்தால் குடோஸ் (பாராட்டுப் பொத்தான்), ஒரு கணக்குக்கு ஒரு படைப்புக்கு ஒன்றுதான். அங்கே கீழே இழுக்கவே முடியாது.

இன்னொன்று. சம்பந்தமில்லாமல் ஐந்து ஸ்டார் மடமடவென்று ஏறினாலும் சந்தோஷப்படாமல் புகார் கொடுங்கள். உங்களைத் தகுதி நீக்கம் செய்ய வைப்பதற்காக உங்களுக்கே போலி ஓட்டு போடுகிறவர்களும் உண்டு. முதலில் சொன்னது நீங்கள் என்று பதிவில் இருக்க வேண்டும்.

ஓட்டு நீங்கிய அன்றே பட்டியலில் கதை வரவில்லை. பட்டியல் நாளுக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கப்படும், மறுநாள் வந்தது. போட்டி முடிய ஒரே நாள் பாக்கி. பழைய டிக்கெட்டை "தீர்ந்தது" என்று மூடச் சொல்லி மூன்று தானியங்கி மெயில் வந்துவிட்டது. மூடவில்லை. மூடினால் அதே எண்ணில் மறுபடி எழுத முடியாது, வெள்ளிக்கிழமை பதினைந்தாவது அத்தியாயம் ஏறுகிறது.